ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளம் எந்தப் புகையால் வந்தது?

2011 தை மாத வெள்ளம் வடிந்து சேறு காய்ந்த பிறகு, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், ஒரு கோயில் மண்டபத்தில் சிறுபோக நெல் விதைப்புக்கான ஆரம்பக் கூட்டம் நடந்தது. நான் விவசாயப் போதனாசிரியராக அந்தப் பக்கம் வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. கதிர் முற்றுகிற நேரத்தில் வயலைத் தண்ணீருக்குப் பறிகொடுத்த சனம் முன்னால் இருக்கிறது. நான் ஒலிவாங்கியைப் பிடித்து, "இந்த வெள்ளம் காலநிலை மாற்றத்தால் வந்தது, மனிதன் விடுகிற புகைதான் காரணம்" என்று அடித்துச் சொன்னேன். ஏதோ ஒரு பயிற்சிப் பட்டறையில் கேட்டு வந்த சூடு.

பின்வரிசையில் ஒரு பெரியவர் எழும்பினார். "மனே, ஐம்பத்தேழு வெள்ளத்துல நான் பத்து வயசுப் பொடியன். ரெண்டு நாள் வாடிக் கூரையில இருந்தனான். அந்த வெள்ளம் எந்தப் புகையால வந்தது? மறுகா எழுபத்தெட்டுச் சூறாவளி, அதுக்கு ஆர் புகை விட்டது?"

மண்டபமே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்துச் சமாளித்துவிட்டு உரமானியத்துக்குத் தாவினேன். வயல் வேலைகளை மேற்பார்க்கிற வட்டைவிதானையார் இன்றைக்கும் அதைச் சொல்லிக் கிண்டல் பண்ணுவார்.

பெரியவர் கேட்டது நியாயமான கேள்வி. பிழை என்னுடையது. 2010 கடைசியில் பசிபிக் கடலில் வலுவான லா நினா நிலவியது; கடலின் மேல்நீர் வழமையைவிடக் குளிர்கிற இயற்கை நிலை அது. அந்தப் பருவத்து மழையில் அதற்கும் பங்கு இருந்தது. ஒரே ஒரு வெள்ளத்தைக் காட்டி "இதோ புகை" என்று சொல்லிவிட முடியாது. காற்று ஒரு பாகை சூடேறினால் அதில் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலாக நீராவி தங்கும். ஆகவே கொட்டுகிற மழை முன்னைவிடக் கூடுதலாகக் கொட்டும். அவ்வளவுதான் நான் சொல்லியிருக்க வேண்டியது. சூறாவளியிலும் அப்படித்தான். எண்ணிக்கை கூடிவிட்டது என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. கொண்டுவரும் மழையும், மிகப் பலமானவற்றின் பங்கும் கூடுவதைத்தான் ஆய்வுகள் சொல்கின்றன.

அவருக்கான பதில் கிடைக்க எனக்கு இரண்டு போகம் ஆனது. அதுவும் அவர் வாயிலிருந்தே வந்தது. உன்னிச்சைப் பக்கம் அவருடைய வயல் வாடிக் குடிசையில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தோம். முதல் நாள் இரவு யானை இறங்கி, வயலின் ஒரு மூலையைத் துவைத்துவிட்டுப் போயிருந்தது.

"முந்தி வருசத்துக்கு ஒருக்கா, ரெண்டுதரம் வரும். இப்ப கிழமைக்கு மூணுதரம். காட்டையும் வெட்டி, அது போற வழியையும் அடைச்சு வச்சிருக்கானுகள். அது எங்க போறது?"

"ஐயா, உங்கட அப்பாட காலத்திலயும் யானை வந்ததுதானே? அப்ப ஆர் வழியை அடைச்சது?"

கோப்பையைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "கள்ளப் பொடியன்" என்றார்.

யானை எப்போதும் வந்ததுதான். அதனால் இப்போது கிழமைக்கு மூன்று தரம் வருவதில் மனிதனுக்குப் பங்கில்லை என்று படுவான்கரையில் ஒருவரும் சொல்லமாட்டார்கள். வெள்ளமும் வெயிலும் எப்போதும் இருந்தவைதான். எத்தனை தரம், எவ்வளவு பலத்தோடு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அன்றிலிருந்து கூட்டங்களில் நான் படம் போட்டுக் காட்டுவதைக் குறைத்துக்கொண்டேன். வரம்பில் நின்று பேசுவதே வசதி.

இப்போது கைபேசியில் வேறு விதமான கேள்விகள் வருகின்றன. ஒரு இளைஞர் காணொளி ஒன்றைக் காட்டினார். காற்றில் காபனீரொட்சைட்டு வெறும் 0.04 சதவீதம்தானாம், அவ்வளவு சின்ன அளவு உலகத்தையே சூடாக்குமா என்று அதில் ஒருவர் கேட்கிறார். நானும் கேட்டேன்: "தம்பி, மருந்தடிக்கிற 16 லீற்றர் டாங்கியில 0.04 சதவீதம் எவ்வளவு?" கைபேசியிலேயே கணக்குப் போட்டார். ஆறு மில்லிலீற்றரும் கொஞ்சமும். தேக்கரண்டி ஒன்றுக்குச் சற்றுக் கூட. சில களைநாசினிகளில் அந்த அளவு என்ன செய்யும் என்று அவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

அளவு சின்னது என்பது வாதமாகாது, அவ்வளவுதான் அந்தக் கணக்கு சொல்வது. காபனீரொட்சைட்டு எப்படி வேலை செய்கிறது என்பது தனிக் கதை. தை மாதத்தில் வானம் வெளித்த இரவென்றால் வாடியில் படுக்க முடியாத குளிர். மப்புக் கட்டிய இரவென்றால் புழுக்கம். நிலத்தின் சூடு மேலே போகாமல் மேகம் மறிக்கிறது. காபனீரொட்சைட்டும் அந்தச் சூட்டைத்தான் மறிக்கிறது. 1856இல் யூனிஸ் ஃபூட் என்ற அமெரிக்கப் பெண், கண்ணாடிக் குழாய்களில் வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்து, இந்த வாயு நிரம்பிய குழாய் மற்றவற்றைவிடச் சூடாவதைக் கண்டார். 1859இல் லண்டனில் ஜோன் டின்டல் வெப்பக் கதிரை அது மறிப்பதையே அளந்து காட்டினார். காபனீரொட்சைட்டு இரட்டித்தால் உலகம் எவ்வளவு சூடாகும் என்று 1896இல் சுவீடன்காரர் அரேனியஸ் கையாலேயே கணக்குப் பார்த்தார். அரசியல்வாதிகள் இதைப்பற்றி வாய் திறக்க முன்னரே இவ்வளவும் முடிந்துவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வியைக் கேட்டவர் மாட்டுக்காரர் ஒருவர். "சேர், காத்துல இருக்கிற புகை மனுசன் விட்டதா, எரிமலை விட்டதா எண்டு எப்படித் தெரியும்? புகைக்குக் குறி இருக்கா?" நம்முடைய பக்கம் ஒவ்வொரு குடிக்கும், அதாவது தாய்வழிக் குலத்துக்கும், ஒரு குறி வைத்து மாட்டுக்குச் சுடுவார்கள். மேய்ச்சல் தரையில் எத்தனை ஆயிரம் மாடு கலந்து நின்றாலும் சொந்தக்காரனுக்குத் தன் குறி தெரியும்.

இருக்கிறது என்றேன். உயிருள்ள மரத்தில் காபன் 14 என்ற ஒருவகைக் காபன் கொஞ்சம் இருக்கும். மரம் செத்தபின் 5,730 வருடத்துக்கு ஒருமுறை அது பாதியாகும். நிலக்கரியும் எண்ணெயும் கோடிக்கணக்கான வருடம் மண்ணுக்குள் கிடந்தவை. அவற்றில் அது மருந்துக்கும் இல்லை. அவற்றை எரித்த புகை காற்றில் கலக்கக் கலக்க, காற்றில் காபன் 14இன் பங்கு குறைய வேண்டும். 1955இல் ஹான்ஸ் சூஸ் மர வளையங்களில் அதைக் கண்டுபிடித்தார். எரிமலைப் புகையிலும் காபன் 14 இல்லையே என்று கேட்கலாம். அதற்குத்தான் இரண்டாவது குறி: காபன் 13. செடிகொடியிலிருந்து உண்டான எரிபொருளில் அது குறைவு, எரிமலைக் காபனில் அவ்வளவு குறைவில்லை. காற்றில் காபன் 13உம் குறைந்துகொண்டே வருகிறது. போதாததற்கு எரிமலைகள் எல்லாம் சேர்ந்து வருடத்துக்கு விடுவது மனிதன் விடுவதில் நூற்றில் ஒரு பங்குகூட வராது. மாட்டுக்காரர் தலையாட்டினார். "ரெண்டு குறி எண்டா களவு மாட்டுக்காரன்கூட மறுக்க ஏலாது."

1958இல் ஹவாயின் மௌனா லோவா மலையில் சார்ள்ஸ் கீலிங் அளக்கத் தொடங்கியபோது காபனீரொட்சைட்டு மில்லியனில் 315 பங்கு. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. தொழிற்சாலைகள் வருமுன் 280. அந்தாட்டிக்கப் பனிக்குள் அகப்பட்ட பழங்காற்றை எடுத்துப் பார்த்தால், 8 இலட்சம் வருடமாக அது ஏறத்தாழ 180க்கும் 300க்கும் இடையில் ஏறி இறங்கியதே தவிர அதற்கு மேலே போனதில்லை.

சரி, நெல்லுக்கு இதில் என்ன? ஆனி மாதம், மேற்கிலிருந்து வறண்ட கச்சான் காற்று அடிக்கிற ஒரு நாள், காலை பத்து மணிக்கு வயலுக்குள் இறங்கிப் பாருங்கள். நெல் அந்த நேரத்தில்தான் வாய் திறந்து பூக்கும். மகரந்தப் பைகள் வெளியே தொங்கும். ஒரு மணித்தியாலம், மிஞ்சினால் இரண்டு. அந்த நேரத்தில் வெப்பம் 35 பாகையைத் தாண்டினால் மகரந்தம் கருகி மணி பிடிக்காது. அறுவடையில் கையில் எடுத்து நசுக்கினால் பதர். மருந்துக்கடைக்காரர் அதற்கும் ஒரு போத்தல் விற்பார், வாங்காதீர்கள். இரவுச் சூடு இன்னொரு பக்கம் அரிக்கிறது. பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் தரவுகளை வைத்து 2004இல் வெளிவந்த ஆய்வில், வறண்ட பருவத்தில் இரவின் குறைந்தபட்ச வெப்பம் ஒரு பாகை கூடினால் விளைச்சல் 10 சதவீதம் விழுந்தது.

வைகாசியில் கண்ணகை அம்மனைக் குளிர வைக்கிற குளிர்த்திச் சடங்கை ஒழுங்காகச் செய்யாததால்தான் இந்த வெயில் என்று சொல்கிறவர்களும் உண்டு. அவர்களோடு நான் மல்லுக்கு நிற்பதில்லை. குளிர்த்தியும் பார்ப்பார்கள், குறுகிய வயது நெல்லும் கேட்பார்கள். வெயில் கூடியிருக்கிறது என்பதை அவர்கள் மறுக்கவே இல்லையே.

மறுப்பு என்றால் என்ன என்று எனக்குக் காட்டியவர் நன்றாகப் படித்தவர். கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவுக்காரர், எனக்கு அத்தான் முறை, பொறியியலாளர். கல்லடிக் கடற்கரையில் ஒரு பின்னேரம் முழுக்கப் பேசினோம். உலகம் சூடாகவே இல்லை என்று தொடங்கினார். பதிவுகளைச் சொன்னேன். சூடாகிறதுதான், ஆனால் சூரியனால் என்றார். சூரியன் என்றால் வளிமண்டலத்தின் மேல் அடுக்கும் சூடேற வேண்டுமே அத்தான், அது குளிர்ந்துகொண்டு வருகிறது, போர்வைக்குக் கீழேதான் சூடு என்றேன். உடனே, காபனீரொட்சைட்டு பயிருக்கு நல்லதுதானே என்றார். கொஞ்சம் உண்மை; ஆனால் நெல்லோடு சேர்ந்து களையும் வளரும், அரிசியில் புரதமும் துத்தநாகமும் குறையும் என்றேன். கடைசியில், இலங்கை விடுவது உலகத்தில் ஒரு சதவீதமும் இல்லை, நமக்கு எதற்கு இந்தக் கதை என்றார். அதுவும் உண்மை. ஆனால் நாங்கள் தொடங்கிய கேள்வி அது இல்லையே.

"எதைக் காட்டினால் உங்கட எண்ணம் மாறும், அத்தான்?"

"ஒண்டும் காட்ட வேண்டாம் மச்சான். இதெல்லாம் காசு பண்ணுற வேலை."

காசு பண்ணுகிற வேலை இருக்கத்தான் செய்தது, மறுபக்கத்தில். "சந்தேகம்தான் நமது சரக்கு" என்று ஒரு அமெரிக்கச் சிகரெட் நிறுவனத்தின் 1969ஆம் வருட உள்குறிப்பில் எழுதியிருக்கிறது. எண்ணெய்க் கம்பனிகளும் அந்தச் சரக்கையே விற்றன. எக்ஸான் நிறுவனத்தின் சொந்த விஞ்ஞானிகள் 1977 தொடங்கிப் போட்ட கணிப்புகள் பெரும்பாலும் சரியாகவே இருந்தன என்று 2023இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு காட்டியது. அதே காலத்தில் அந்த நிறுவனம் வெளியில் பேசியது வேறு. இன்னொரு பக்கம் ரிச்சர்ட் முல்லர் என்ற பௌதிகவியலாளரைப் பாருங்கள். பழைய வெப்பநிலைப் பதிவுகளில் அவருக்கு நம்பிக்கையில்லை. தானே ஒரு குழுவைச் சேர்த்துத் திரும்பக் கணக்கெடுத்தார். பணம் கொடுத்தவர்களில் எண்ணெய்த் தொழில் கோக் குடும்பத்தின் அறக்கட்டளையும் ஒன்று. 2012இல், சூடு உண்மை, காரணம் ஏறக்குறைய முழுக்க மனிதர்தான் என்று எழுதினார். அந்தப் பெரியவரும் முல்லரும் என் கணக்கில் ஒரே வரிசை.

நம்முடைய பக்கத்துப் பிழைகளையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பாடசாலைக் கண்காட்சியில் காலநிலை மாற்றம் என்ற தலைப்புக்குக் கீழே சுனாமிப் படம் தொங்கியது. 2004இல் வந்தது சுமாத்திராவுக்கு அருகில் கடலடியில் நடந்த நிலநடுக்கத்தால். புகைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கழற்றச் சொன்னேன், ஆசிரியைக்குக் கோபம். அதேபோல, வாய்க்காலை நிரப்பி வீடு கட்டிவிட்டு, வாவித் தண்ணீர் கடலுக்குப் போக முகத்துவாரத்து மணலை எப்போது வெட்டுவது என்று கடைசி நேரம் வரை இழுபறிப்பட்டுவிட்டு, தண்ணீர் வீட்டுக்குள் வந்ததும் காலநிலையில் பழியைப் போடுகிறோம். இதைக் கேட்கிற சனம் உண்மையையும் சேர்த்துத்தான் நம்பாமல் விடும்.

பெரியவர் இப்போது எண்பதை நெருங்குகிறார். சென்ற ஆரம்பக் கூட்டத்துக்கும் வந்திருந்தார். இந்த முறை முன்வரிசை.

"சரி மனே, நீ சொல்றது எல்லாம் சரி எண்டு வை. புகை விட்டது அவன், வயல் என்ர. காசு ஆர் தாறது?"

2022இல் எகிப்தில் கூடிய நாடுகள் இழப்புக்கும் சேதத்துக்கும் ஒரு நிதியம் அமைக்க ஒப்புக்கொண்டதையும், அடுத்த வருடம் டுபாயில் அதைத் தொடக்கியதையும் சொன்னேன். அதிலிருந்து இந்த வயல் கண்டத்துக்கு எப்போது, எவ்வளவு என்று கேட்டார். இந்த முறை நான் உரமானியத்துக்குத் தாவவில்லை. தெரியாது ஐயா என்றேன்.

வட்டைவிதானையார் கொப்பியைத் திறந்தார். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வாய்க்கால் துப்புரவு, ஆளுக்கொரு மண்வெட்டி. தன்னிடம் இரண்டு இருப்பதாகப் பெரியவர் சொன்னார்.