கோடு விழாவிட்டால்தான் கவலை: ராணுவ முகாமில் சிறுநீர் பரிசோதனை

கோவிட் காலத்தில் வீட்டுக்கு வீடு பழகிய பாடம் இங்கே தலைகீழ். அன்று பட்டையில் இரண்டு கோடு விழுந்தால் தொற்று. போதைப்பொருளுக்காகச் சிறுநீரில் நனைக்கும் பட்டையில் இரண்டு கோடும் விழுந்தால்தான் நிம்மதி. சோதனைக் கோடு விழாமல் போனால் சந்தேகம். கோலாலம்பூர் சுங்கை பீசி முகாமுக்கு மகனையோ மகளையோ அனுப்பிவிட்டு செந்தூலிலும் பிரிக்பீல்ட்சிலும் இருக்கும் பெற்றோர் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ராணுவத்தில் 'பாசிட்டிவ்' என்ற ஒரு சொல் வேலையையே பறித்துவிடும்.

பட்டைக்குள் நடப்பது ஒரு போட்டி. அதன் ஒரு முனையில், நுண்ணிய தங்கத் துகள் ஒட்டிய ஆன்டிபாடிகள், அதாவது குறிப்பிட்ட ஒரு பொருளைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள், உலர்ந்து கிடக்கின்றன. ஷாபு என்று நாம் சொல்லும் மெத்தம்பெட்டமைனைக் கண்டால் பற்றிக்கொள்ளும்படி அவற்றைத் தயாரித்திருக்கிறார்கள். கோடு விழ வேண்டிய இடத்திலோ, அதே பொருளை முன்கூட்டியே கொஞ்சம் பதித்து வைத்திருக்கிறார்கள். சிறுநீர் ஊறி மேலேறும்போது ஆன்டிபாடிகளையும் இழுத்துக்கொண்டு போகும். சிறுநீரில் ஷாபு இல்லையென்றால் அவை கோட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். தங்கத் துகள்கள் ஒன்றுசேர்ந்து சிவப்பாகத் தெரியும். சிறுநீரிலேயே ஷாபு இருந்தால் ஆன்டிபாடிகள் வழியிலேயே அதைப் பிடித்துவிடும். இரண்டு கையிலும் பை தூக்கி வருபவர் இன்னொருவர் கையைப் பிடிக்க முடியாது, அப்படித்தான். கோடு வெறுமையாக நிற்கும். இரண்டாவது கோடு, பட்டை ஒழுங்காக வேலை செய்ததா என்று காட்டுவதற்கு மட்டும்.

இதன் பலவீனமும் இங்கேயே இருக்கிறது. ஆன்டிபாடி, போதைப்பொருள் மூலக்கூறின் உருவத்தில் ஒரு பகுதியைத்தான் அடையாளம் பார்க்கிறது. மூக்கடைப்புக்குத் தரும் சூடோஎபெட்ரினுக்கும் மெத்தம்பெட்டமைனுக்கும் ஒரே ஓர் ஆக்ஸிஜன் அணுதான் வித்தியாசம். சில பட்டைகள் இதில் ஏமாந்துவிடும். ஆகவே பட்டை சொல்வதைச் சந்தேகமாக எடுத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக எடுக்கக் கூடாது.

தீர்ப்பு ஆய்வுக்கூடத்தில்தான். அங்கே சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்த பொருளைச் சூடாக்கி ஆவியாக்கி, தலைமுடி போல மெல்லிய, பல மீட்டர் நீளமுள்ள ஒரு குழாய்க்குள் செலுத்துகிறார்கள். ஒவ்வொரு பொருளும் அதைக் கடக்க எடுக்கும் நேரம் வேறு. வெளியே வந்ததும் எலக்ட்ரான்களால் தாக்கி மூலக்கூறை உடைக்கிறார்கள். ஒரே நிலைமையில் ஒரே மூலக்கூறு எப்போதும் ஒரே விதமாகத்தான் உடையும். கடந்த நேரம், உடைந்த துண்டுகளின் எடை, அவற்றின் விகிதம் எல்லாம் பொருந்தினால்தான் பெயர் சொல்வார்கள். இதற்குக் கேஸ் குரோமட்டோகிராபி – மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி என்று பெயர். சூடோஎபெட்ரின் இங்கே தப்பாமல் வேறாகத் தெரிந்துவிடும்.

அப்புறம் அளவு. 'இருக்கிறதா, இல்லையா' என்று மட்டும் எந்த ஆய்வுக்கூடமும் கேட்பதில்லை; ஒரு வரம்புக்கு மேல் இருக்கிறதா என்று கேட்கிறது. நம் வீட்டுக் குருமாவில் அரைத்துப் போடும் கசகசா அபின் செடியின் விதைதான். அதில் ஒட்டியிருக்கும் மார்பின் என்ற அபின் பொருள் சிறுநீரில் தெரியக்கூடும். அமெரிக்காவில் அரசு வேலைக்கான பரிசோதனையில், ஒரு மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமாக இருந்த வரம்பை 1998-இல் 2,000-ஆக உயர்த்தியதற்கு இதுவும் காரணம். 2023-இல் அந்நாட்டு ராணுவம், கசகசா சேர்த்த உணவையே தவிர்க்கச் சொல்லித் தன் வீரர்களுக்கு அறிவுறுத்தியது. ஹெராயினுக்கு வேறொரு தடயம் உண்டு. அது உடலில் சிதையும்போது 6-மோனோஅசெட்டைல்மார்பின் உருவாகும். கசகசா எவ்வளவு சாப்பிட்டாலும் அது வராது. ஆனால் அந்தத் தடயம் ஒரு நாளுக்குள் பெரும்பாலும் மறைந்துவிடும்.

ஷாபு சில நாள் தெரியும். கஞ்சா கொழுப்பில் தங்குவதால், தினமும் புகைத்தவருக்கு நிறுத்திச் சில வாரம் கழித்தும் தெரியலாம். ஆக, இந்தப் பரிசோதனை காட்டுவது உடலில் எஞ்சிய தடத்தை. இன்று துப்பாக்கி ஏந்தும்போது அவர் நிதானத்தில் இருந்தாரா என்பதை அது சொல்லாது.

1981 மே மாதம் அமெரிக்காவின் நிமிட்ஸ் போர்க்கப்பலில் விமானம் மோதி 14 பேர் இறந்தார்கள். இறந்த சிப்பந்திகள் சிலரின் உடலில் கஞ்சாத் தடம் இருந்தது. அதன் பிறகு அந்நாட்டு ராணுவத்தில் பரிசோதனை கடுமையானது. கடந்த 30 நாளில் போதைப்பொருள் பயன்படுத்தியதாக ஒப்புக்கொண்ட ராணுவத்தினர் 1980-இல் 27.6 சதவீதம், 1992-இல் 3.4 சதவீதம். பரிசோதனை ஒன்றே காரணம் என்று நான் நம்பவில்லை. ஆனால் எப்போது அழைப்பார்கள் என்று தெரியாமல் இருப்பதற்குப் பெரிய பலம் உண்டு. மாதந்தோறும் பத்தில் ஒருவரைக் குலுக்கிப் போட்டு அழைப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு வருடத்துக்குள் ஒருவர் குறைந்தது ஒரு முறையாவது அழைக்கப்பட 72 சதவீத வாய்ப்பு வந்துவிடுகிறது.

நம் வட மாநிலங்களில் இன்னொரு சிக்கல், கெத்தும் என்ற மரம். அதன் இலையிலுள்ள மித்ராஜினைன் அபின் வகைப் பொருள்போல மூளையில் வேலை செய்தாலும் உருவம் வேறு. மார்பினுக்கான பட்டை அதைக் கண்டுகொள்ளாது. தனிப் பட்டை வேண்டும். பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் போதைப்பொருள் ஆய்வு மையம் கெத்தும் பற்றி நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறது.

முகாமில் இருக்கும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லி வையுங்கள். கிளினிக்கில் வாங்கிய இருமல் மருந்து, சளி மாத்திரை எதுவானாலும் சீட்டை வைத்திருந்து, சிறுநீர் கொடுப்பதற்கு முன்பே எழுதித் தர வேண்டும். போத்தலை முத்திரையிடுவதைக் கண்ணால் பார்த்து, ஒட்டியிருக்கும் பெயரும் எண்ணும் தன்னுடையதுதானா என்று சரிபார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும். முதல் பட்டையில் கோடு விழவில்லை என்றால், ஆய்வுக்கூட முடிவு வந்ததா என்று கேட்க வேண்டும்.