மூன்று பாட்டில் சிவப்பு ஏல், ஒரு குவார்ட்டர் பிராந்தி

தீபாவளிக்கு கோபிக்குப் போயிருந்தேன். மாமா பையனும் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தான். பெட்டியைத் திறந்து, துணிகளுக்கு நடுவே சுற்றி வைத்திருந்த நான்கு சின்ன பாட்டில்களை எடுத்துத் திண்ணையில் வரிசையாக வைத்தான். ஒவ்வொன்றும் 330 மில்லி, பழுப்புக் கண்ணாடி, ரெட் ஏல் என்கிற சிவப்பு பீர் வகை. லேபிளின் அடி ஓரத்தில் எறும்பு எழுத்தில் 8% என்று இருந்தது.

"பீருதான் மச்சா. ஆளுக்கு ரெண்டு போட்டுட்டு அப்படியே அந்தியூர் வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வந்தர்லாம்" என்று பைக் சாவியைப் பக்கத்தில் வைத்தான்.

பதினான்கு வருடமாக பீர் ஆலையில் தரக்கட்டுப்பாட்டு வேலை பார்க்கிறேன். ருசி பார்ப்பதும் அந்த வேலையில் சேர்த்தி. "பீருதான்" என்ற ஒரு சொல்லால் கணக்கு தப்பிப் போனவர்களை நிறையப் பார்த்துவிட்டேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. 330 மில்லியில் 8% என்றால் 26 மில்லி சுத்தமான ஆல்கஹால், எடையில் சுமார் 21 கிராம். நம் ஊரில் விற்கும் பிராந்தி 42.8%. அதில் ஒரு லார்ஜ், அதாவது 60 மில்லியில் இருப்பதும் ஏறக்குறைய அதே 26 மில்லிதான். 180 மில்லி குவார்ட்டரில் 77 மில்லி ஆல்கஹால் இருக்கிறது, இந்தச் சின்ன பாட்டில் மூன்றைச் சேர்த்தால் 79 மில்லி. ஒரே மூச்சில் ஒரு குவார்ட்டரைக் காலி செய்தவனைப் பார்த்தால் வீட்டில் பதறுவார்கள். மூன்று பீர் குடித்தவனை யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

"கடையில விக்கிற ஸ்ட்ராங் பீரும் 8 வரைக்கும் இருக்குதே" என்பீர்கள். சரிதான். ஆனால் அந்த பீர் தன் காட்டத்தை மறைப்பதில்லை, தொண்டையில் இறங்கும்போதே சொல்லிவிடும். காட்டமான சிவப்பு ஏல் சொல்லாது. அது ஏன் என்று ருசித்துப் பார்த்தால்தான் புரியும். சாவியை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டு, ஒரே ஒரு பாட்டிலை மட்டும் திறந்தேன்.

டீ கிளாஸ் ஒன்றில் 50 மில்லி அளவுக்கு ஊற்றினேன். எவர்சில்வர் டம்ளர் வேண்டாம், நிறம் தெரியாது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் மாதுளைச் சாற்றில் கொஞ்சம் தேன் கலந்த மாதிரிச் சிவப்பு, மேலே வெண்ணெய் நிறத்தில் நுரை. குழந்தைகளுக்கு மாவு அரைக்க நாம் கேழ்வரகை முளைகட்டிக் காய வைக்கிறோம் அல்லவா, அதே போலப் பார்லியை முளைகட்டிச் சூட்டில் உலர்த்துவதுதான் மால்ட். அதில் ஒரு பங்கை ஈரத்தோடு சூடாக்கி, உள்ளிருக்கும் சர்க்கரை பாகாகிச் சிவக்கும் வரை வறுப்பார்கள். சில ஆலைகளில் கருக வறுத்த பார்லியையும் ஒரு பிடி சேர்ப்பது உண்டு. நிறம் இவற்றிலிருந்துதான் வருகிறது, சாயம் எதுவும் இல்லை.

கிளாஸைச் சுழற்றி முகர்ந்தபோது முதலில் எழுந்தது பம்பளிமாஸ் தோலைக் கிள்ளியது போன்ற வாசம். பின்னாலேயே பச்சைப் பிசின். இரண்டும் ஹாப்ஸ் பூவின் வேலை. அமெரிக்காவின் யாக்கிமா, ஜெர்மனியின் ஹாலர்ட்டாவ் போன்ற பகுதிகளில் விளையும் கொடி அது. பூவைக் கசக்கினால் மஞ்சள் பொடி விரலில் ஒட்டும். பூவை மால்ட்டிலிருந்து வடித்த சாற்றோடு வெகுநேரம் கொதிக்க வைத்தால் கசப்பு இறங்கும், கடைசியில் போட்டால் வாசம் தங்கும். இரண்டையும் தாராளமாகச் செய்வதுதான் ஹாப்ஸ் தூக்கலான ஏல்.

வாயில் ஒரு மடக்கு வைத்தால் முதலில் தெரிவது இனிப்புதான், கம்பிப் பதத்துக்கு வந்த வெல்லப்பாகு போல. அடுத்து வேப்பம்பூ ரசத்தின் கசப்பு, விழுங்கிய பிறகும் அடிநாக்கில் நிற்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஆல்கஹால் ஒளிந்திருக்கிறது. இனிப்பு அதன் எரிச்சலைத் தணிக்கிறது. கசப்பு கவனத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. ஐஸ் போலக் குளிர வைத்துவிட்டால் மிச்சமிருக்கும் சூடும் தெரியாது. கிளாஸைக் கையில் பத்து நிமிடம் வைத்திருந்து மறுபடி ஒரு மடக்கு குடிக்கச் சொன்னேன். மச்சான் நெஞ்சைத் தடவிக்கொண்டான். "இப்பத்தான் தெரியுது மச்சா, சுருக்குங்குது."

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கசப்பு வேறு, காட்டம் வேறு. வாய் கோணும் அளவு கசக்கும் பீர் 5% ஆகவும் இருக்கலாம், சர்பத் போல இறங்குவது 9% ஆகவும் இருக்கலாம். நாக்கை நம்பாதீர்கள், லேபிளைப் பாருங்கள். சதவீதத்தை மட்டும் பார்த்தால் போதாது, மில்லியோடு பெருக்குங்கள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், இதே போன்ற ஒரு ஏலை ருசி பார்த்த சாயங்காலம், நன்றாக இருக்கிறதே என்று வேலை முடிந்த பின் மூன்று கிளாஸ் குடித்தேன். உட்கார்ந்திருக்கும் வரை ஒன்றுமில்லை. எழுந்தபோது தரை எங்கே இருக்கிறது என்று கால் தேடியது. அன்றைக்கு வண்டியை எடுக்காதது என் நிதானம் இல்லை, கூட இருந்தவர் சாவியைத் தரவில்லை. இப்போது எங்கள் மேசையில் ஒரு சாம்பிளுக்கு 40 மில்லி, இடையில் தண்ணீரும் வெறும் ரொட்டியும். ருசிக்க அதற்கு மேல் தேவையே இல்லை. இரண்டாவது கிளாஸில் நாக்கு மரத்துவிடும், புதிதாக எதையும் கண்டுபிடிக்காது.

உடம்பு ஒரு மணி நேரத்தில் சுமார் 7 முதல் 10 கிராம் ஆல்கஹாலைத்தான் எரிக்கும். ஒரு பாட்டிலுக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆகிறது. காபியோ, மோரோ, குளியலோ இதை வேகப்படுத்தாது. மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவு அனுமதிப்பது 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம் வரைதான். 65 கிலோ ஆண் வெறும் வயிற்றில் இந்த ஏல் ஒரே ஒரு பாட்டில் குடித்தாலே அதைத் தாண்டிவிட வாய்ப்பு அதிகம். பெண்களுக்கு இன்னும் சீக்கிரம் ஏறும். மச்சான் சொன்ன 'ஆளுக்கு ரெண்டு' எங்கே போய் நிற்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்குள் மாமா தோட்டத்திலிருந்து வந்துவிட்டார். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர், போன கோடையில் சிறுநீரகக் கல்லால் துடித்தவர்.

"ஏனுங் மாப்பிள்ளை, பீர் குடிச்சா கல்லு கரைஞ்சிருமாமா? நம்ம சந்தையில அல்லாரும் அதையத்தான் சொல்றாங்க."

"கரையாதுங் மாமா. ஒன்னுக்கு அதிகமாப் போகும், அவ்வளவுதானுங்க. தண்ணி குடிச்சாலும் போகும்" என்றேன். பீரில் இருக்கும் பியூரின் என்ற பொருள் உடம்பில் யூரிக் அமிலத்தைக் கூட்டும், யூரிக் அமிலக் கல் உள்ளவருக்கு அது கெடுதல். சர்க்கரை மாத்திரையோடு மது சேர்ந்தால், சில மாத்திரைகளில் ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கி ஆளைச் சாய்த்துவிடும். ஹாப்ஸ் மூலிகைதானே என்றும் கேட்டார். மூலிகையாகவே இருக்கட்டும், கூட இருக்கும் 21 கிராம் ஆல்கஹாலை அது குறைப்பதில்லை. பாதுகாப்பான அளவு என்று மதுவில் எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னதையும் சொன்னேன். நான் பீர் ஆலைச் சம்பளத்தில் வாழ்கிறவன்தான், அதற்காக இதை மறைக்க முடியாது.

மாமா குடிக்கவில்லை. கிளாஸை மட்டும் வாங்கி முகர்ந்து பார்த்தார். கண்ணை மூடியபடியே, "கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை மூட்டையை அவுத்தாட்ட இருக்குது" என்றார். வருடக்கணக்கில் ருசி பார்க்கப் பழகியவர்களுக்கும் இவ்வளவு சரியாக வார்த்தை கிடைப்பதில்லை.

திறந்த பாட்டிலை மச்சானும் நானும் பகிர்ந்துகொண்டோம். இரவுச் சாப்பாட்டோடு, ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுத்து. அந்தியூர்ப் பயணம் மறுநாள் மதியத்துக்குத் தள்ளிப்போனது. மீதி மூன்றையும் மோட்டார் ரூமில் வைக்கப் போனவனைத் தடுத்தேன். தகரக் கூரைச் சூட்டில் ஹாப்ஸ் வாசம் போய், நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்துவிடும். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், படுக்க வைக்காமல் நிறுத்தி வைக்கச் சொன்னேன்.