அலையின் உச்சியைச் சீவினால் எழுத்துக்கு முள் முளைக்கும்

ஹெவி மெட்டல் என்ற உரத்த ராக் இசைக்கான பத்திரிகை ஒன்றைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, கண்களைப் பாதி மூடி அதன் அட்டையைப் பாருங்கள். எழுத்துகள் மங்கிவிடும். யாருடைய முகம் என்று தெரியாது. மிச்சமிருப்பது பெரிய கறுப்புப் பரப்பு, அதைக் கீறிக்கொண்டு நிற்கும் சில வெள்ளை முனைகள், எங்கோ ஒரு மூலையில் கொஞ்சம் சிவப்பு. அவ்வளவுதான். ஆனாலும் இந்த இசையை வாழ்நாளில் கேட்டிராதவர்கூட, உள்ளே இருப்பது தாலாட்டு இல்லை என்று சொல்லிவிடுவார்.

"பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டோம், அதனால் தெரிகிறது" என்று இதை முடித்துவிடலாம். பழக்கத்துக்குப் பங்கு உண்டுதான். ஆனால் பழக்கத்துக்கும் அடியில் கொஞ்சம் இயற்பியல் இருக்கிறது. கிதார் ஆம்ப்ளிஃபயருக்குள் ஒலிக்கு நடப்பதும் அந்த அட்டையில் படத்துக்கு நடப்பதும் ஒரே வேலை.

முதலில் ஒலியைப் பார்ப்போம். மென்மையாக மீட்டிய கிதாரின் மின் அலை வளைவான மேடும் பள்ளமுமாகப் போகும். ஆம்ப்ளிஃபயர் அதைப் பெரிதாக்கித் தரும். ஆனால் எந்த ஆம்ப்ளிஃபயருக்கும் ஒரு கூரை உண்டு. அதற்கு மேல் மின்னழுத்தம் கொடுக்க அதனால் முடியாது. பெருக்கத்தைக் கூட்டும் கெயின் குமிழைத் திருகிக்கொண்டே போனால் அலையின் உச்சி கூரையில் முட்டி, சீவிவிட்டது போலத் தட்டையாகிறது. அடிப்பக்கமும் அப்படியே. வளைவு இருந்த இடத்தில் இப்போது ஒரு மேடை, அதன் இரண்டு ஓரத்திலும் மூலை. இதைத்தான் கிளிப்பிங் என்கிறார்கள். மெட்டல் கிதாருக்கே உரிய கரகரப்பான டிஸ்டார்ஷன் பிறப்பது இந்த மூலைகளில்.

மூலைக்கும் கரகரப்புக்கும் என்ன உறவு? எந்த அலையையும், மூலையே இல்லாமல் சீராக ஏறி இறங்கும் எளிய சைன் அலைகளின் கூட்டாகப் பிரித்து எழுதலாம் என்ற வழியை 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திறந்துவைத்தவர் பிரெஞ்சுக் கணிதர் ஃபூரியே. 110 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 110 தடவை அதிரும் சைன் அலை ஒன்றின் மேலும் கீழும் ஒரே அளவில் சீவிச் சீவிச் சதுர அலையாக்கினால், 330, 550, 770 என்று அதன் ஒற்றைப்படை மடங்குகள் எல்லாம் கூடவே வந்து சேரும். முதல் அலையின் வலிமை 1 என்றால் இவற்றின் வலிமை 1/3, 1/5, 1/7. மூல அலையில் இவை ஒன்றுமே கிடையாது, சீவியதால் பிறந்தவை. மூலை எவ்வளவு கூர்மையோ, அதைக் கட்ட அவ்வளவு உயரமான அதிர்வெண்கள் வேண்டும்.

இங்கே கொஞ்சம் நின்றுவிட்டுப் போகிறேன், எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. மெட்டலின் அடிப்படைச் செங்கல் 'பவர் கார்ட்'. அதில் ச, ப என்று ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்கும் இரண்டே சுரங்கள். ச 110 ஹெர்ட்ஸ் என்றால் ப 165. கிளிப் ஆகும் ஆம்ப்ளிஃபயருக்குள் இரண்டும் தனித்தனியாக இருப்பதில்லை. ஒன்றோடொன்று கலந்து கூட்டலும் கழித்தலுமாகப் புதிய அதிர்வெண்களைப் பெற்றெடுக்கின்றன. 165-லிருந்து 110 போனால் 55. அதாவது ஒரு ஸ்தாயி கீழே, யாருமே வாசிக்காத ஒரு ச. நெஞ்சுக்கூட்டில் அதிரும் அந்தக் கனம் பாதி இங்கிருந்துதான் வருகிறது. இதில் காந்தாரத்தையும் சேர்த்தால், புதிதாகப் பிறக்கும் அதிர்வெண்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் கலங்கிவிடும். அதனால்தான் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

சரி, படத்துக்கு வருவோம். சாதாரணக் கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தில், கன்னத்தின் ஒளிப்பக்கத்திலிருந்து நிழல்பக்கம் வரைக்கும் சாம்பல் நிறம் படிப்படியாக இறங்கும். அதை ஜெராக்ஸ் எடுங்கள். அந்த நகலை மறுபடியும் ஜெராக்ஸ் எடுங்கள். சில தடவைக்குள் நடுவிலிருந்த சாம்பல் எல்லாம் கரைந்து, ஓர் அளவுக்கு மேலே இருந்தது முழு வெள்ளையாகவும் கீழே இருந்தது முழுக் கறுப்பாகவும் ஒதுங்கிவிடும். உச்சியையும் அடியையும் சீவிய அலை இதேதான். 1980-களிலும் 90-களிலும் தீவிர மெட்டல் இசைக்காக ரசிகர்களே நடத்திய சிற்றிதழ்கள் பல இப்படி ஜெராக்ஸில்தான் பெருகின. மெஷினுக்குத் தெரிந்ததெல்லாம் கறுப்பும் வெள்ளையும்.

மெட்டலின் உட்பிரிவுகளில் ஒன்றான பிளாக் மெட்டலின் அந்தக் காலத்து இசைக்குழுவினரின் பிண ஒப்பனையை நினைத்துப் பாருங்கள். முகம் முழுக்க வெள்ளை, கண்ணைச் சுற்றியும் உதட்டிலும் கறுப்பு. இது மேடைக்காகப் பிறந்த ஒப்பனை, ஆனால் ஜெராக்ஸுக்கென்றே செய்தது போலப் பொருந்திவிட்டது. சாதாரண முகத்தை ஐந்து தலைமுறை நகலெடுத்தால் அடையாளமே போய்விடும். இந்த முகத்தில் இழப்பதற்குச் சாம்பலே இல்லை, ஏனென்றால் கேமராவுக்கு முன்னால் வருவதற்குள்ளேயே அது கிளிப் ஆகிவிட்ட முகம்.

கண்ணும் இந்த ஃபூரியே கணக்குக்கு நெருக்கமான ஒன்றைச் செய்கிறது என்பதுதான் இதில் அழகு. 1968-ல் கேம்பிரிட்ஜில் ஃபெர்கஸ் காம்ப்பெல், ஜான் ராப்சன் இருவரும் இரண்டு வகைக் கோடுகளை ஆட்களுக்குக் காட்டினார்கள். ஒன்றில் இருளும் ஒளியும் மெல்ல மெல்ல மாறும். இன்னொன்றில் வெட்டிவிட்டது போலச் சட்டென்று மாறும். மிக மங்கலாகக் காட்டினால் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. இருளுக்கும் ஒளிக்கும் உள்ள வேறுபாட்டைக் கூட்டிக்கொண்டே போனால், வெட்டுக் கோட்டின் கூர்மை ஒரு கட்டத்தில் கண்ணுக்குப் பிடிபடும். எந்தக் கட்டத்தில்? அதன் மூன்றாவது மடங்கு அலையைத் தனியாகக் காட்டினால் எப்போது தெரியத் தொடங்குமோ, அதே கட்டத்தில். காதில் 330 ஹெர்ட்ஸ் செய்யும் வேலையை, கண்ணில் மும்மடங்கு நெருக்கமான கோடு செய்கிறது. ஆகவே ஓர் அட்டை "கரகரப்பாக இருக்கிறது" என்று யாராவது சொன்னால் அதை வெறும் உவமை என்று ஒதுக்கிவிட முடியாது.

கூர்மை ஏன் உடம்பை உசுப்புகிறது? 2015-ல் லுக் ஆர்னல், டேவிட் போப்பல் குழு மனித அலறலை ஆராய்ந்தது. அலறலில் ஒலியின் வீச்சு நொடிக்கு 30 முதல் 150 தடவை வரை ஏறி இறங்குகிறது. சாதாரணப் பேச்சில் இந்த வேகம் அரிது. இந்தச் சொரசொரப்பு கூடக் கூட, மூளையில் ஆபத்தைக் கவனிக்கும் அமிக்டலா கூடுதலாகத் துடிக்கிறது. டிஸ்டார்ஷன் கிதாரிலும் மெட்டல் குரலிலும் இந்தச் சொரசொரப்பு தாராளமாக உண்டு. பார்வைப் பக்கத்திலிருந்து மோஷே பார், மைட்டல் நேட்டா இருவரும் இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். வளைந்த ஓரமுள்ள பொருள்களை மக்கள் கூடுதலாக விரும்புகிறார்கள் என்று 2006-லும், கூரான ஓரமுள்ளவை அமிக்டலாவைக் கூடுதலாகக் கிளப்புகின்றன என்று 2007-லும் எழுதினார்கள். பயமூட்டுவதே நோக்கம் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். ஆபத்து இல்லாத இடத்தில் அந்த மணி அடிக்கும்போது கிடைப்பது கிளர்ச்சி. ரசிகர்கள் தேடி வருவது அதைத்தான்.

இன்னும் நேரடியான சான்று ஒன்று உண்டு, நம் மொழிக்காரர்களே அதில் பங்கு பெற்றிருக்கிறார்கள். 1929-ல் உளவியலாளர் வோல்ஃப்காங் கோலர் இரண்டு உருவங்களைக் காட்டினார். ஒன்று மேகம் போல உருண்டது, மற்றது நட்சத்திரம் போல முள் முள்ளானது. 'டகேட்டே' எது, 'பலூபா' எது என்று கேட்டார். 2001-ல் வி.எஸ்.ராமச்சந்திரனும் எட்வர்ட் ஹப்பர்டும் 'கிகி', 'பூபா' என்று சொற்களை மாற்றி, அமெரிக்க மாணவர்களிடமும் தமிழ் பேசுவோரிடமும் கேட்டார்கள். இரண்டு பக்கமும் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் முள்ளுக்குக் கிகி என்று பெயர் வைத்தார்கள். எழுத்தை வல்லினம், மெல்லினம் என்று தொட்டுணர்வின் பெயரால் பிரித்த மொழி நம்முடையது. நமக்கு இதில் ஆச்சரியப்பட அதிகமில்லை.

இதை மனதில் வைத்துக்கொண்டு 'கெர்ராங்!' என்ற மெட்டல் பத்திரிகையின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். 1981 ஜூனில் பிரிட்டனின் 'சவுண்ட்ஸ்' இசை வார இதழின் இணைப்பாக, ஜெஃப் பார்ட்டனை ஆசிரியராகக் கொண்டு வெளிவந்தது அது. முதல் அட்டையில் ஏசி/டிசி குழுவின் ஆங்கஸ் யங். மின் கிதாரில் ஒரு பவர் கார்டை அடித்தால் வரும் சத்தம்தான் பெயர். 'க' என்று அடி விழுகிறது, 'ர்ரா' என்று கரகரக்கிறது, 'ங்' என்று மூக்கில் நின்று ஓய்கிறது. ஒரு கார்டின் பிறப்பும் இறப்பும் ஒரே சொல்லில். பெயரை எழுதிய விதமும் அதேதான்: தடித்த எழுத்துகள், குறுக்கே கண்ணாடி உடைந்தது போல விரிசல். சத்தத்தின் அழுத்தம் தாங்காமல் எழுத்து பிளந்துவிட்டது என்று கண்ணுக்குச் சொல்லிவிடுகிறது.

எழுத்துருவுக்கு மெட்டல் போன இன்னொரு இடம் பிளாக்லெட்டர், அதாவது கூட்டன்பர்க் பைபிளில் இருக்கும் அந்த இடைக்காலக் கோதிக் எழுத்து. அகலமான பேனா முனையால் எழுதப்பட்டது என்பதால் வளைய வேண்டிய இடத்தில் அது முறிகிறது. ஓ-வைக்கூட அறுகோணமாக்கிவிடும் எழுத்து, சீவிய அலைக்கு இதைவிட நெருங்கிய சொந்தம் கிடையாது. மோட்டார்ஹெட் இசைக்குழு 1977-ல் தன் பெயருக்கு எடுத்துக்கொண்டது இதைத்தான். பக்கத்தில் ஓவியர் ஜோ பெட்டாக்னோ வரைந்த தந்தமுள்ள மண்டை ஓடு. பெயரில் ஓ-வுக்கு மேல் இரண்டு புள்ளிகள் வேறு. ஜெர்மன் மொழியில் அந்தப் புள்ளி உச்சரிப்பையே மாற்றும். இங்கே உச்சரிப்பில் ஒரு மாற்றமும் இல்லை, பார்வைக்கு மட்டும்.

ஒரே பத்திரிகைக்குள் பக்கம் புரட்டினாலே உட்பிரிவுகளை எழுத்தை வைத்துச் சொல்லிவிடலாம். கிளாம் மெட்டல் என்றால் குரோம் பளபளப்பு, வளைந்து ஓடும் தூரிகை எழுத்து. அதன் இசையிலும் மெல்லிசை மெட்டுகளே முன்னால் நிற்கும். திராஷ் என்றால் நேர்கோடும் கூர்க்கோணமும். டெத் மெட்டல் என்றால் எழுத்திலிருந்து ஏதோ சொட்டும். பிளாக் மெட்டலுக்குப் போனால் எழுத்து வேராகவும் கிளையாகவும் படர்ந்து, படிக்கவே முடியாத முட்புதராகிவிடும். பெல்ஜியத்தைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் ஷ்பாய்டெல் இந்தக் கலையில் பெரிய கை. எம்பரர் குழுவின் லோகோ அவர் வரைந்தது.

படிக்க முடியாத பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதைப் படிப்பதில்லை, முகத்தை அடையாளம் காண்பது போல அடையாளம் காண்கிறோம். இத்தகைய லோகோக்களில் பல இடமும் வலமும் கண்ணாடிப் பிம்பமாக இருக்கும். செங்குத்து அச்சில் அமைந்த சமச்சீரைக் கண் ஒரே பார்வையில் பிடித்துவிடும். முகமும் உடலும் விலங்கும் பூச்சியும் அப்படி அமைந்தவை. அதனால் அந்தப் புதர் சொல்லாகத் தெரிவதற்கு முன்பே ஓர் உயிராகத் தெரிந்துவிடுகிறது. குரலிலும் இதே நிலைதான்: வார்த்தை புரியாது, ஆனால் யார் பாடுகிறார் என்பது முதல் உறுமலிலேயே தெரியும்.

புகைப்படத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெளிச்சம் மேலிருந்து வரும் என்று மூளை எப்போதும் எதிர்பார்க்கிறது, வெயில் அப்படித்தானே விழுகிறது. விளக்கைத் தாடைக்குக் கீழே வைத்தால் நிழல்கள் தலைகீழாகி, தெரிந்த முகமே அன்னியமாகிவிடும். கேமராவைத் தாழ வைத்து வைட் லென்ஸால் எடுத்தால், நீட்டிய கை தலையைவிடப் பெரிதாகும். பிளாக் சபாத் குழுவின் 1970 முதல் ஆல்பத்துக்குப் புகைப்படக்காரர் கீத் மேக்மில்லன் வேறு வழி போனார். ஆக்ஸ்ஃபோர்டுஷையரின் மேப்பிள்டர்ஹாம் நீராலையை அகச்சிவப்பு ஃபிலிமில் எடுத்தார். இலைகள் அகச்சிவப்பை நிறையவே திருப்பி அனுப்புகின்றன. அந்த ஃபிலிமில் பச்சை பச்சையாக இருக்காது. அந்த இடம் இந்த உலகத்தில் இல்லாதது போலத் தெரிவதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

கடைசியில் எல்லாம் அச்சகத்துக்குத்தான் வந்து நிற்கும். கறுப்பு மையை மட்டும் நூறு சதவீதம் அடித்தாலும் ஆர்ட் பேப்பரில் அது அடர் சாம்பலாகவே தெரியும். அதனால் அதற்கு அடியில் சயான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40 என்கிற மாதிரி சேர்ப்பார்கள். மொத்தம் 240 சதவீத மை. இன்னும் கூட்டலாம், ஆனால் ஓர் அளவுக்கு மேல் போனால் காயாமல் எதிர்ப்பக்கத்தில் ஒட்டும். ஆழமான கறுப்புக்கும் ஒரு கூரை இருக்கிறது.

அந்தக் கறுப்புக்கு நடுவே மையே படாத வெற்றுத் தாளாக விட்ட வெள்ளை முள்தான் லோகோ. மை ஒவ்வொரு பக்கமும் கொஞ்சம் பரவும். முள்ளின் நுனி மொட்டையாகும். நான்கு நிறத் தகடுகளில் ஒன்று மயிரிழை விலகினாலும், அதாவது ரிஜிஸ்டர் கொஞ்சம் தப்பினாலும், வெள்ளை ஓரத்தில் நீலமோ சிவப்போ கசிந்து கூர்மை செத்துவிடும். தேர்ந்த லேஅவுட்காரர்கள் அதனால் முள்ளைக் கொஞ்சம் தடிப்பாக்கி, மற்ற மூன்று நிறங்களையும் அதன் ஓரத்திலிருந்து சற்றே கறுப்புக்குள் இழுத்துவிடுவார்கள். நல்ல லென்ஸ் ஒன்றை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். வெள்ளை முடிகிற கோட்டில் கறுப்பு மை மட்டும் தனியாக நிற்கும். அதற்கு ஒரு மயிரிழை தள்ளித்தான் மற்ற நிறங்கள் தொடங்கும்.