பழைய பத்திரங்களை ஏலத்தில் எடுப்பவர்களுக்குத் தொல்பொருள் சட்டம் சொல்வது என்ன?

கிரயப் பத்திரம், அடமானப் பத்திரம், புரோநோட்டு, கம்பெனிப் பங்குச் சான்றிதழ், போர்க்காலக் கடன் பத்திரம், படைவீரரின் டிஸ்சார்ஜ் சான்று ஆகிய பழந்தாள்களை ஏலத்தில் எடுத்துச் சேர்ப்பவர்களில் பலர், தொல்பொருள் சட்டம் என்பது சிலைக்கும் செப்பேட்டுக்கும் மட்டுமே உரியது என்று எண்ணியிருக்கிறார்கள். அது சரியல்ல. 1972 ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டம், 1976 ஏப்ரல் 5 முதல் நடைமுறையில் இருக்கிறது. சிலை, நாணயம், ஓவியம் போன்றவை தொல்பொருளாகக் கருதப்படுவதற்கு நூறு ஆண்டுப் பழமை வேண்டும் என்று சொல்லும் அதே சட்டம், கையெழுத்துப் பிரதிக்கும் பதிவேட்டுக்கும் பிற ஆவணங்களுக்கும் 75 ஆண்டுகளே போதும் என்கிறது. அறிவியல், வரலாறு, இலக்கியம், அழகியல் ஆகியவற்றில் ஏதேனும் ஒரு வகையில் அந்த ஆவணத்துக்கு மதிப்பு இருக்க வேண்டும் என்பது உடன் வரும் நிபந்தனை.

இந்த 75 ஆண்டு என்பது நிலையான கோடு அல்ல. ஆண்டுதோறும் ஓராண்டு முன்னே நகர்கிறது. இரண்டாம் உலகப்போர் முடிந்த 1945 இல் ஒரு சிப்பாய்க்குக் கொடுக்கப்பட்ட விடுவிப்புச் சான்று 2020 இல் அந்த வயதை எட்டியது. சுதந்திரம் பெற்ற ஆண்டின் ஆவணங்கள் 2022 இல் எட்டின. ஆகவே, பத்தாண்டுகளுக்கு முன் வாங்கியபோது சட்டத்தின் கண்ணில் படாத ஒரு தாள், உங்கள் அலமாரியில் இருந்தபடியே இன்று தொல்பொருளாகியிருக்கக்கூடும்.

வயதைக் கணக்கிட்டுவிடலாம், மதிப்பை எப்படி முடிவு செய்வது? ஒரு சாதாரணக் குடும்பத்தின் பாகப்பிரிவினைப் பத்திரம் வரலாற்று மதிப்புடையதா என்பதில் இருவர் இரு விதமாகச் சொல்லலாம். அப்படிக் கேள்வி எழுந்தால் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநரோ, அவர் அதிகாரமளித்த, இயக்குநர் நிலைக்குக் குறையாத அதிகாரியோ எடுக்கும் முடிவே இறுதியானது என்று சட்டத்தின் 24 ஆம் பிரிவு கூறுகிறது. ஏலப் பட்டியலில் அச்சிட்டிருக்கும் வருணனைக்கு இந்த இடத்தில் எந்த அதிகாரமும் கிடையாது.

வயதைக் கணக்கிடுவதில் தமிழ்நாட்டு ஆவணங்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. ஒரு கிரயப் பத்திரம் ‘பரிதாபி வருஷம் ஆவணி மாதம்’ என்று தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அறுபது ஆண்டுச் சுழற்சியில் பரிதாபி 1912 இலும் வந்தது, 1972 இலும் வந்தது. முன்னது என்றால் அது சட்டத்தின் வரம்புக்குள் எப்போதோ வந்துவிட்டது. பின்னது என்றால் இன்னும் வரவில்லை. ஆண்டின் பெயரை மட்டும் நம்பி ஏலம் கேட்பவர் இந்த இரண்டில் எதை வாங்குகிறோம் என்று அறியாமலே கேட்கிறார். முத்திரைத் தாளின் தலைப்பில் பிரிட்டிஷ் மன்னரின் உருவம் இருக்கிறதா, அசோகரின் சிங்கங்கள் இருக்கின்றனவா என்று பார்த்தால் பெரும்பாலும் ஐயம் தீர்ந்துவிடும். பின்பக்கத்தைத் திருப்பினால், ஸ்டாம்ப் வெண்டர் தம் கையால் எழுதிய வரிசை எண், விற்ற தேதி, வாங்கியவர் பெயர், ஊர் ஆகியவையும், பதிவான பத்திரமாக இருந்தால் சார்பதிவாளரின் புத்தக எண், தொகுதி எண், ஆவண எண், ஆண்டு ஆகியவையும் இருக்கும். தாள் விற்கப்பட்ட தேதிக்கு முந்தைய தேதியில் பத்திரம் எழுதப்பட்டிருந்தால், அதை வாங்காமல் விடுவதே நல்லது என்பது என் எண்ணம். பட்டா, கிஸ்தி ரசீது போன்ற வருவாய்த் துறைத் தாள்களில், ஜூலையில் தொடங்கும் வருவாய்க் கணக்கு ஆண்டான பசலி ஆண்டு இருக்கும். ஜூலை முதல் டிசம்பர் வரையிலான தேதிக்கு 590, ஜனவரி முதல் ஜூன் வரையிலான தேதிக்கு 591 கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1322 என்பது 1912 ஜூலையில் தொடங்கி 1913 ஜூனில் முடிந்தது.

தொல்பொருளான ஆவணத்தை ஒருவர் வைத்திருப்பதையோ நாட்டுக்குள் வாங்குவதையோ சட்டம் தடுக்கவில்லை. மத்திய அரசு அறிவிக்கையில் குறிப்பிட்டுள்ள வகைகளை மட்டுமே பதிவு செய்துகொள்ள வேண்டும். சிலைகள், ஓவியங்கள் ஆகியவற்றோடு, ஓவியமோ வண்ண அலங்காரமோ உள்ள கையெழுத்துப் பிரதிகள் அந்த வகையில் அடங்கும். வெறும் எழுத்து மட்டுமே உள்ள பத்திரங்கள் அடங்கா. பதிவு பெற்ற பொருள் கைமாறும்போது அந்தத் தகவலைப் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். தொல்பொருள் விற்பனையைத் தொழிலாக நடத்துபவர் உரிமம் பெற்றிருக்க வேண்டும் என்று 5 ஆம் பிரிவு சொல்வதால், ஏலம் நடத்துபவரிடம் உரிம எண்ணைக் கேட்பது தவறல்ல. நேர்மையாகத் தொழில் செய்பவர் அதைத் தயங்காமல் சொல்வார்.

சட்டம் மிகக் கடுமையாக இருப்பது ஏற்றுமதியில்தான். மத்திய அரசும் அது அதிகாரமளித்த அமைப்பும் தவிர வேறு எவரும் தொல்பொருளை நாட்டைவிட்டு வெளியே அனுப்பக் கூடாது. மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்று ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. ஒரு கடித உறைக்குள் அடங்கிவிடும் ஒற்றைத் தாளுக்கும் இது பொருந்தும் என்பதைத்தான் பலர் உணர்வதில்லை. இணைய ஏலத்தில் வெளிநாட்டவர் ஒருவர் உங்களிடமிருந்து 1920 ஆம் ஆண்டுப் பங்குச் சான்றிதழை எடுத்து, தபாலில் அனுப்பச் சொன்னால், அனுப்புவதற்கு முன் அது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழைத் தொல்லியல் துறையிடம் பெற வேண்டும். அங்கே நிபுணர் குழு பொருளைப் பார்த்து முடிவு செய்யும். சான்றிதழ் கிடைக்காவிட்டால் விற்பனையைக் கைவிடுவதைத் தவிர வேறு வழியில்லை.

அடுத்தது, அந்தத் தாள் உண்மையில் யாருடையது என்ற கேள்வி. இதை நான் வயதைவிட முக்கியமாகக் கருதுகிறேன். பத்திரத்தின் அசல் கட்சிக்காரர் கையில் கொடுக்கப்படுகிறது. அது குடும்பத்தின் சொத்து. அலுவலகக் கோப்பு அப்படியல்ல. கட்டு எண்ணும் துளையிட்டுக் கோத்த நூலின் தடமும் அலுவலக முத்திரையும் உள்ள தாள் ஏலத்துக்கு வந்தால், அது எப்படி வெளியே வந்தது என்று கேட்டே ஆக வேண்டும். மத்திய அரசு, யூனியன் பிரதேச நிர்வாகங்கள், அவற்றின் பொதுத்துறை நிறுவனங்கள் ஆகியவற்றின் ஆவணங்களுக்கு 1993 ஆம் ஆண்டின் பொது ஆவணங்கள் சட்டம் பொருந்தும். அவற்றை முன் அனுமதியின்றி நாட்டுக்கு வெளியே கொண்டுபோவதும், விதிமுறைக்குப் புறம்பாக அழிப்பதும் அகற்றுவதும் ஐந்து ஆண்டு வரை சிறைக்கும் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதத்துக்கும் உரிய குற்றங்கள். 1892 ஆம் ஆண்டுக்கு முன் உருவான பொது ஆவணத்தை, மீட்க முடியாதபடி சிதைந்துபோனால் ஒழிய, அழிக்கவே கூடாது. அவ்வளவு பழைய அலுவலகக் கோப்பை ‘கழித்துக் கட்டிய தாளில் கிடைத்தது’ என்று ஒருவர் சொன்னால், அதற்கான எழுத்துச் சான்றைக் கேளுங்கள். மாநில அரசின் கோப்பாக இருந்தாலும், திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவது பொதுவான குற்றவியல் சட்டத்திலேயே குற்றம்.

படைத்துறைத் தாள்களிலும் இதே வேறுபாட்டைப் பார்க்க வேண்டும். சிப்பாயின் சம்பளப் புத்தகமும் வீட்டுக்கு எழுதிய கடிதமும் அவருடைய குடும்பத்தின் வழியே வருபவை. இரகசியம் என்று குறிக்கப்பட்ட வரைபடமும் உத்தரவும் 1923 ஆம் ஆண்டின் அலுவல் இரகசியச் சட்டத்தைத் தொடக்கூடியவை என்பதால் அவற்றுக்கு ஏலம் கேட்காமலிருப்பதே பாதுகாப்பு.

பழைய பங்குச் சான்றிதழை வாங்குவதால் அந்தப் பங்குக்கு நீங்கள் உரிமையாளராகிவிட மாட்டீர்கள். பங்கு யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவருக்கும் வாரிசுகளுக்கும் உரியது. பழைய கிரயப் பத்திரமும் அப்படித்தான், நிலத்தின்மேல் எந்தப் பாத்தியதையும் தராது. எழுதப்படாத, இன்றும் செல்லக்கூடிய முத்திரைத் தாளை விற்க முனைபவர், நியமனம் பெற்ற விற்பனையாளராக இல்லாவிட்டால், இந்திய முத்திரைச் சட்டத்தின் 69 ஆம் பிரிவின்படி தண்டனைக்கு உள்ளாகலாம்.

உங்களிடமுள்ள தொல்பொருளைப் பொது இடத்தில் பாதுகாப்பது நல்லது என்று மத்திய அரசு கருதினால், தொல்பொருள் சட்டத்தின் 19 ஆம் பிரிவின்கீழ் அதைக் கட்டாயமாகக் கையகப்படுத்தவும் முடியும். அதற்கு இழப்பீடு உண்டு. தொகையில் உடன்பாடு ஏற்படாவிட்டால், உயர் நீதிமன்ற நீதிபதிக்குரிய தகுதியுள்ள நடுவர் தீர்மானிப்பார். தாமாகவே கொடுக்க விரும்புபவர்களிடமிருந்து வரலாற்று முக்கியத்துவமுள்ள தனியார் ஆவணங்களை அன்பளிப்பாகவோ விலைக்கோ தேசிய ஆவணக் காப்பகம் ஏற்றுக்கொள்ள 1993 ஆம் ஆண்டின் பொது ஆவணங்கள் சட்டம் இடம் தருகிறது. ஒரே ஊரைச் சேர்ந்த ஐம்பது அறுபது பத்திரங்களைக் கட்டுக் கலையாமல் சேர்த்து வைத்திருப்பவர்கள், அவற்றைத் தனித்தனியாக ஏலத்தில் பிரித்து விற்பதற்கு முன் அங்கே ஒரு கடிதம் எழுதிக் கேட்டுப் பார்க்கலாம்.