ரெஸ்யூமில் எழுதாமல் விடப்படும் வேலைகள்

ஆட்சேர்ப்புப் பணியில் இருப்பதால் திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களிலிருந்து வரும் விண்ணப்பங்களைத் தொடர்ந்து படிக்கிறேன். படிக்கும்போதெல்லாம் ஒரு வருத்தம் எழுகிறது. வேலை தெரிந்த பிள்ளைகள், அந்த வேலையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எழுதி அனுப்புகிறார்கள்.

அம்பாசமுத்திரம் பக்கம் பி.காம். முடித்த ஒரு பெண் கணக்கு உதவியாளர் வேலைக்கு விண்ணப்பித்திருந்தார். கடின உழைப்பாளி, நேர்மையானவர், எளிதில் கற்றுக்கொள்பவர் என்று இரண்டு பக்கங்கள். பொழுதுபோக்கு, பாட்டுக் கேட்பது. நேர்முகத்தில் பேச்சுக் கொடுத்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. பீடி சுற்றும் அவருடைய அம்மா ஒரு மகளிர் சுயஉதவிக் குழுவில் உறுப்பினர். அந்தக் குழுவின் சேமிப்பு, உள்கடன், வட்டி, வங்கித் தவணை, தீர்மானப் புத்தகம் எல்லாவற்றையும் கல்லூரிக் காலம் முழுவதும் எழுதிவந்தவர் இந்தப் பெண்தான். வங்கியில் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொன்னவரும் அவரே. ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். “அது வேலை இல்லையே சார், அம்மாவுக்குச் செய்த உதவிதானே” என்றார்.

அது வேலைதான். சம்பளம் வரவில்லை என்பதால் அது திறமை இல்லை என்று ஆகிவிடாது. எத்தனை உறுப்பினர்கள், எத்தனை ஆண்டுகள், என்னென்ன பதிவேடுகள், கணக்கு ஒருமுறையாவது தணிக்கைக்குப் போனதா என்று இரண்டே வரிகளில் எழுதியிருந்தால் போதும். கணக்குப் பிரிவு மேலாளர் அந்த இடத்தில் நின்று படித்திருப்பார். கடின உழைப்பாளி என்ற சொல்லை எல்லோரும் எழுதுகிறார்கள். அதைப் படித்து யாரும் யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை.

ஐ.டி.ஐ. படித்த தம்பிகளிடமும் இதே குறையைப் பார்க்கிறேன். பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலைகளில் உதவியாளராக இருந்தவர்கள், “காற்றாலை அனுபவம் உண்டு” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எத்தனை கிலோவாட் இயந்திரம்? கோபுரத்தில் ஏறினீர்களா, கீழே கண்ட்ரோல் பேனலில் இருந்தீர்களா? உயரத்தில் வேலை செய்வதற்கான பாதுகாப்புப் பயிற்சி பெற்றீர்களா? காற்று அதிகம் வீசும் ஆனி, ஆடி மாதங்களில் இயந்திரம் நின்றால் என்ன செய்தீர்கள்? இந்தக் கேள்விகளுக்கான பதில்தான் அனுபவம். தமிழக அரசின் நான் முதல்வன் திறன் பயிற்சித் திட்டத்தில் படித்தவர்களும் சான்றிதழ்களின் பெயர்களை மட்டும் அடுக்குகிறார்கள். அந்தப் பயிற்சியில் என்ன செய்து முடித்தீர்கள் என்று ஒரு வரி சேர்த்தால்தான் அதற்கு மதிப்பு.

படிப்பவருக்கு உங்கள் தாளுடன் இன்னும் பல தாள்கள் காத்திருக்கின்றன. முதல் பக்கத்தின் மேல்பாதியிலேயே அவர் பெரும்பாலும் முடிவுக்கு வந்துவிடுவார். அந்த இடத்தைக் குறிக்கோள் என்ற தலைப்புக்குக் கொடுக்காதீர்கள். ஜெராக்ஸ் கடையில் வைத்திருக்கும் மாதிரியில் பெயரை மட்டும் மாற்றுவதால், ஒரே குறிக்கோள் வாசகம் எழுத்துப் பிசகாமல் பலரிடமிருந்து வருகிறது. அந்த இடத்தில் எந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறீர்கள், அதற்குப் பொருத்தமாக என்ன செய்திருக்கிறீர்கள் என்பது இருக்கட்டும். புதிதாகப் படிப்பை முடித்தவருக்கு ஒரு பக்கம் தாராளம்.

தந்தை பெயர், மதம், திருமண நிலை, ஆதார் எண், பான் எண் எதுவும் தனியார் நிறுவன விண்ணப்பத்துக்கு வேண்டாம். ஆதார் எண் யார் யார் கைக்கோ போய்ச் சேருவது ஆபத்து. சாதியை ஒருபோதும் எழுதாதீர்கள். நம் பகுதியில் தெருப் பெயரே சாதியைச் சொல்லிவிடும் இடங்கள் உண்டு. ஆகவே முழு முகவரியும் தேவையில்லை. ஊரும் மாவட்டமும் போதும். அரசு விண்ணப்பங்களுக்கு இது பொருந்தாது, அங்கே படிவம் கேட்பதைக் கொடுத்தே ஆகவேண்டும்.

பெயர் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர் என்று மூன்று விதமாக இருந்தால், வேலை கிடைத்த பிறகு நடக்கும் சான்றிதழ் சரிபார்ப்பில் சிக்கல் வரும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள எழுத்துகளை அப்படியே ரெஸ்யூமிலும் எழுதுங்கள். இணையப் படிவம் கடைசிப் பெயரைக் கட்டாயம் கேட்டால் இனிஷியலை விரித்து எழுதுங்கள்.

இல்லாத அனுபவத்தைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். வருங்கால வைப்பு நிதிக்கான யு.ஏ.என். எண்ணில் எந்த நிறுவனத்தில் எப்போது சேர்ந்தீர்கள், எப்போது விலகினீர்கள் என்பது பதிவாகிறது. பொய்யான அனுபவச் சான்றிதழ் அங்கே பிடிபடும். கிடைத்த வேலையும் போய்விடும். இடையில் ஓராண்டு வீட்டில் இருந்திருந்தால் அதற்கான காரணத்தை நேராகச் சொல்லுங்கள். அப்பாவுக்கு உடல்நிலை சரியில்லாமல் கடையைப் பார்த்துக்கொண்டேன் என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை, பொறுப்பாகத் தெரிந்தது.

தமிழ்வழியில் படித்தவர்கள் ஆங்கிலத்துக்குப் பயந்து, யாரோ எழுதிக்கொடுத்ததையோ செயற்கை நுண்ணறிவுச் செயலி தந்ததையோ அப்படியே அனுப்புகிறார்கள். எழுத்துப் பிழையைத் திருத்த அந்தச் செயலியை நாடலாம், தவறில்லை. ஆனால் நீங்கள் வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒரு சொல்லும் அந்தத் தாளில் இருக்கக் கூடாது. நேர்முகத்தில் கேள்வி அந்தச் சொல்லிலிருந்துதான் தொடங்கும். சின்னச் சின்ன வாக்கியங்களே போதும்.

பெரிய நிறுவனங்களில் விண்ணப்பத்தை முதலில் மென்பொருள் படித்துப் பிரிக்கிறது. பக்கத்தை இடம் வலமாக இரண்டு பத்தியாகப் பிரித்த வடிவம், கட்டங்கள், படங்கள் ஆகியவற்றில் அது தடுமாறக்கூடும். உங்கள் பி.டி.எஃப். கோப்பில் உள்ளதை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். அங்கே வரிசை குழம்பினால் மென்பொருளுக்கும் குழம்பும். அச்சிட்ட தாளைக் கைபேசியில் படம் பிடித்து அனுப்புவதை அறவே விட்டுவிடுங்கள்.

ஒரே தாளை எல்லா இடத்துக்கும் அனுப்பவும் வேண்டாம். நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறிச் சென்னைக்குப் போனால்தான் வேலை என்ற நிலை இன்று கொஞ்சம் மாறியிருக்கிறது. தென்காசி அருகே மத்தளம்பாறையில் ஸோஹோ மென்பொருள் நிறுவனம் இருக்கிறது. திருநெல்வேலி அருகே கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில் டாடா பவரின் சோலார் தொழிற்சாலை வந்திருக்கிறது. மென்பொருள் நிறுவனம் தேடுவதும் தொழிற்சாலை தேடுவதும் ஒன்றல்ல. அறிவிப்பை இரண்டு முறை படித்து, அதில் கேட்டவற்றுள் உங்களுக்கு உண்மையிலேயே தெரிந்ததை மேலே கொண்டுவாருங்கள்.

கடைசியாகத் தொலைபேசி எண். தேர்வானவரை அழைத்தால் எண் பயன்பாட்டில் இல்லை என்று வருவது அடிக்கடி நடக்கிறது. வீட்டில் ஒருவரின் எண்ணையும் அவருடைய அனுமதியுடன் சேர்த்து எழுதுங்கள். எந்தெந்த நிறுவனத்துக்கு விண்ணப்பித்திருக்கிறீர்கள் என்பதை அவரிடமும் சொல்லி வையுங்கள்.