சாலட் டப்பாவில் பயப்பட வேண்டியது முட்டைகோஸ் அல்ல

போன மாதம் ஒருவர் தன் ராத்திரிச் சாப்பாட்டை டப்பாவோடு எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்துவிட்டார். நாற்பது வயது இருக்கும். மூன்று மாதமாக இரவில் சோறு, இட்லி, தோசை எதுவும் கிடையாது, வெறும் முட்டைகோஸ் சாலட்தான், ஆனாலும் எடை இரண்டு கிலோ கூடியிருக்கிறது, ஏதாவது தைராய்டு கோளாறா என்று கேட்டார். தைராய்டு ரிப்போர்ட் கையிலேயே இருந்தது, எல்லாம் சரியாகத்தான் இருந்தது. டப்பாவைத் திறந்தால் வெள்ளை வெளேரென்று, தயிர்சாதம் மாதிரி. கரண்டியால் ஓரமாகத் தள்ளிப் பார்த்தபோதுதான் அடியில் முட்டைகோஸ் இருப்பது தெரிந்தது. எத்தனை கரண்டி மயோனைஸ் என்றேன். "ஒரு அஞ்சு இருக்கும் மேடம், இல்லன்னா தொண்டையில இறங்கல."

சரி, கணக்குப் போட்டோம். 150 கிராம் முட்டைகோஸில் நாற்பது கலோரிகூட இல்லை. மயோனைஸ் ஒரு மேசைக்கரண்டிக்குக் கிட்டத்தட்ட 90 முதல் 100 கலோரி, ஏனென்றால் அதில் பெரும்பங்கு எண்ணெய்தான். ஐந்து கரண்டி போட்டால் ஆறேழு இட்லி சாப்பிட்ட கணக்கு. அதற்கு அவர் இட்லியையே சாப்பிட்டிருக்கலாம், சாம்பாராவது கிடைத்திருக்கும்.

பதினாறு வருடமாக உணவு ஆலோசனை சொல்லிக்கொண்டிருக்கிறேன். பச்சை முட்டைகோஸைப் பற்றி வரும் கேள்விகளில் முக்கால்வாசி பயம்தான். புழு இருக்கும், மூளைக்குப் போகும், தைராய்டு வரும், கேஸ் வரும். ஆனால் உண்மையில் பிரச்சினையோடு வருகிறவர்களைப் பார்த்தால், காரணம் அவர்கள் பயந்த இடத்தில் இருப்பதே இல்லை.

மயோனைஸையே எடுத்துக்கொள்ளுங்கள். சிக்கன் கடையில் சின்னக் கப்பில் கொடுக்கிற கோல்ஸ்லாவைப் பார்த்துவிட்டு, பிள்ளைகளுக்காக வீட்டில் முட்டையையும் எண்ணெயையும் மிக்ஸியில் அடித்துச் செய்கிறவர்கள் இப்போது அதிகம். பச்சை முட்டையில் சால்மோனெல்லா கிருமி இருக்க வாய்ப்புண்டு, எலுமிச்சையும் வினிகரும் அதைக் கொன்றுவிடும் என்று நம்பியிருக்க முடியாது. கேரளம் 2023இலும் தெலங்கானா 2024இலும் பச்சை முட்டை மயோனைஸுக்குத் தடை போட்டன. தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தார்கள். அதெல்லாம் தயாரிப்பவர்களுக்கும் விற்பவர்களுக்குமான சட்டம், உங்கள் மிக்ஸிக்குள் எந்த அதிகாரியும் வந்து பார்க்கப்போவதில்லை, அங்கே நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

இத்தனைக்கும் கோல்ஸ்லா என்ற பெயரில் மயோனைஸே இல்லை. டச்சு மொழியில் 'கோல்' என்றால் முட்டைகோஸ், 'ஸ்லா' என்றால் சாலட், அவ்வளவுதான். நம் ஊர் கோசுமல்லியும் ஒரு வகையில் அதற்குச் சொந்தம்தான் என்று சொல்வேன். ஊறிய பாசிப்பருப்பு, துருவிய காய், எலுமிச்சை, கடுகு தாளிப்பு. இதை விட்டுவிட்டு வெள்ளைக் களிம்பைத் தேடிப் போகிறோம்.

இப்போது புழு விஷயத்துக்கு வருகிறேன். முட்டைகோஸை வெட்டும்போது பச்சையாக, ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் நெளிகிறதே, அது பெரும்பாலும் வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு. அருவருப்பாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அது உங்கள் மூளைக்குப் போகாது, வயிற்றைக்கூடத் தாண்டாது. வலிப்பு நோயை உண்டாக்குவது வேறு ஜாதி, பன்றி நாடாப்புழுவின் முட்டை. அதன் குறுக்களவு 0.04 மில்லிமீட்டருக்குள்தான், கண்ணுக்குத் தெரியவே தெரியாது. சரியாக வேகாத பன்றிக்கறி சாப்பிட்ட ஒருவரின் குடலில் நாடாப்புழு வளர்கிறது, முட்டைகள் அவர் மலத்தில் வெளியேறுகின்றன, திறந்தவெளியிலிருந்தோ சாக்கடைத் தண்ணீர் பாயும் தோட்டத்திலிருந்தோ காய்கறி மேல் ஒட்டுகின்றன, அல்லது கழிப்பறை போய்விட்டுக் கைகழுவாமல் சமைப்பவர் கையிலிருந்தே நேராக நம் தட்டுக்கு வருகின்றன. அதனால்தான் வாழ்நாளில் கறியே தொடாதவருக்கும் மூளையில் நாடாப்புழுக் கட்டி வருகிறது.

இதில் முட்டைகோஸ் மட்டும் குற்றவாளி இல்லை. தரையை ஒட்டி வளர்ந்து பச்சையாகச் சாப்பிடப்படும் எதுவும் இதே ஆபத்தைச் சுமக்கும். முட்டைகோஸைக் கண்டு அலறுகிற வீட்டிலேயே கொத்தமல்லியை ஒரு தடவை தண்ணீரில் முக்கி எடுத்து, பொடியாக நறுக்கி, ரசத்தை இறக்கிய பிறகு தூவுகிறார்கள். யாரும் கேட்பதில்லை!

உப்புத் தண்ணீரிலோ மஞ்சள் தண்ணீரிலோ ஊறவைத்தால் போதுமா என்பார்கள். அந்தப் பச்சைப் புழு மிதந்து வெளியே வரும், அது வரைக்கும் நல்லது. நாடாப்புழு முட்டைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. தேய்த்துக் கழுவுவதும் சூடும்தான் வழி.

நான் வீட்டில் செய்வதைச் சொல்கிறேன். வெளி இலை மூன்றை உரித்துத் தூரப் போட்டுவிடுவேன், பூச்சிமருந்து அதிகம் படிந்திருப்பதும் அங்கேதான். காயை நான்காக வெட்டி, நடுத்தண்டை எடுத்துவிட்டு, இலைகளைத் தனித்தனியாகப் பிரித்துக் குழாயடியில் ஒவ்வொன்றாக விரலால் தேய்த்துக் கழுவுவேன். சிலர் முதலில் துருவிவிட்டு அப்புறம் ஒரு பாத்திரத்தில் போட்டு அலசுகிறார்கள், அதில் ஓர் இலையில் இருந்த அழுக்கு எல்லா இலைக்கும் போய்ச் சேர்வதுதான் மிச்சம். நம் வீடுகளில் புழங்கத் தனித் தண்ணீர், குடிக்கக் கேன் தண்ணீர் என்று இரண்டு இருக்கும் அல்லவா? பச்சையாகச் சாப்பிடும் காய்க்குக் கடைசி அலசல் குடிக்கிற தண்ணீரில்தான் இருக்க வேண்டும், பலரும் தவறவிடுவது இதைத்தான்.

அதற்குப் பிறகு மெலிதாக நறுக்கி, தளதளவென்று கொதிக்கும் தண்ணீரில் போட்டு அறுபது எண்ணுகிறேன், வாய்விட்டே. வடிகட்டி, ஆற வைத்த குடிநீரில் கொட்டி, சுத்தமான வேட்டித் துணியில் கட்டிப் பிழிந்தால் இன்னும் நறுக்நறுக்கென்றுதான் இருக்கும். வைட்டமின் சி கொஞ்சம் போகும், போகட்டும், ஒரு நெல்லிக்காய் கடித்துக்கொள்ளலாம். கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், கீமோதெரபி எடுப்பவர்கள், உறுப்பு மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், இவர்களுக்கு இந்த அறுபது விநாடி கட்டாயம். மற்றவர்களும் செய்தால் நல்லதுதான் என்பேன்.

கர்ப்பிணிகளைத் தனியாகச் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. 1981இல் கனடாவின் கிழக்குக் கடலோர மாகாணங்களில் 41 பேருக்கு லிஸ்டீரியா என்ற கிருமித் தொற்று வந்தது, அதில் 34 கர்ப்பத்தோடோ பிரசவத்தோடோ சம்பந்தப்பட்டவை. காரணம் கடையில் வாங்கிய கோல்ஸ்லா. ஒரு பண்ணையில் அதே நோய் கண்ட செம்மறியாடுகளின் எருவைப் பக்குவப்படுத்தாமல் முட்டைகோஸுக்குப் போட்டிருக்கிறார்கள், அறுவடை செய்த காயைக் குளிர்ந்த கிடங்கில் மாதக்கணக்கில் வைத்திருக்கிறார்கள். மற்ற கிருமிகள் பலவும் குளிரில் அடங்கிக் கிடக்கும், லிஸ்டீரியாவோ 4 டிகிரியிலும் நிதானமாகப் பெருகும். லிஸ்டீரியா உணவு வழியாகப் பரவும் என்பதே இந்தச் சம்பவத்தில்தான் தெளிவாக நிரூபணமானது. ஆக, "பிரிட்ஜில்தானே இருந்தது" என்பது சமாதானம் ஆகாது. ஞாயிற்றுக்கிழமையே ஒரு வாரத்துக்கான சாலட்டைக் கலந்து வைக்கும் வழக்கம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. கலந்ததை அன்றே முடித்துவிடுங்கள். முழுக் காய் வெட்டாமல் இருக்கட்டும், அது பாட்டுக்கு இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை என்றதும் இன்னொன்று. கோழியை வெட்டிய அதே பலகை, அதே கத்தி, லேசாகத் தண்ணீர் காட்டிவிட்டு அதிலேயே சாலட் நறுக்குவது. குழம்பில் போன கோழி கொதித்துச் சுத்தமாகிவிடும், சாலட்டோ கொதிக்காமலே தட்டுக்கு வருகிறது. முதலில் சாலட்டை நறுக்கி எடுத்து வைத்துவிட்டு அப்புறம் கோழியைத் தொடுங்கள். தனிப் பலகை வாங்க வசதி இல்லாவிட்டாலும் வரிசையை மாற்றக் காசு வேண்டாம்.

இனி மாத்திரை சாப்பிடுகிறவர்கள். இதயத்தில் செயற்கை வால்வு வைத்த ஒரு அம்மா, ஐம்பத்திரண்டு வயது, ரத்தம் உறையாமலிருக்க அசிட்ரோம் சாப்பிடுகிறவர். அவருக்கு ஐஎன்ஆர், அதாவது ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் அளவு, 2.5 முதல் 3.5க்குள் இருக்க வேண்டும், திடீரென்று 1.4க்கு இறங்கிவிட்டது, அதாவது ரத்தம் சீக்கிரம் உறைய ஆரம்பித்துவிட்டது. மாத்திரை ஒரு நாள்கூடத் தவறவில்லை என்று டப்பாவை எண்ணியே காட்டினார். பேச்சுக்கொடுத்ததில், மகள் சொல்லி மூன்று வாரமாக மதியம் கால் கிலோவுக்கு மேல் முட்டைகோஸ் சாலட். அதற்கு முன் மாதத்துக்கு ஒருமுறை பொரியல் செய்தால் அதிகம். 100 கிராம் முட்டைகோஸில் ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே சுமார் 76 மைக்ரோகிராம் இருக்கிறது, கீரைகளோடு ஒப்பிட்டால் குறைவுதான், ஆனால் ஒன்றுமே இல்லாத இடத்தில் தினமும் இருநூறு சேர்ந்தால் மாத்திரையின் பிடி தளர்ந்துவிடும். வால்வில் ரத்தக்கட்டி சேர்ந்திருந்தால் பக்கவாதமே வந்திருக்கும். நிறுத்து என்று நான் சொல்லவில்லை. தினமும் ஒரே அளவு, ஒரு கப், கூட்டவும் வேண்டாம், திடீரென்று விடவும் வேண்டாம் என்றேன். டாக்டர் அதற்கேற்ற மாதிரி மாத்திரை அளவைச் சரிசெய்தார். இந்த வகை மருந்து எடுப்பவர்கள் உணவை மாற்றும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

தைராய்டு பயம் முயல்களிடமிருந்து வந்தது. 1928இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஆய்வுக்கூட முயல்களுக்குத் தைராய்டு சுரப்பி பெருத்துக் கழுத்து வீங்கியதைப் பார்த்தார்கள், அவை சாப்பிட்டது பெரும்பாலும் முட்டைகோஸ்தான். நீங்கள் முயல் இல்லை. அயோடின் உப்பு சேர்த்துச் சமைக்கிற வீட்டில் வாரத்தில் மூன்று நான்கு நாள் ஒரு கப் சாலட்டால் ஒன்றும் ஆகாது. தைராய்டு மாத்திரையை மட்டும் காலையில் வெறும் வயிற்றில் போடுங்கள், அது வேறு விஷயம்.

சிறுநீரக நோயாளிகள் "காய் எதுவுமே ஆகாது" என்று முட்டைகோஸையும் ஒதுக்கிவிடுகிறார்கள், பாவமாக இருக்கும். 100 கிராமில் பொட்டாசியம் 170 மில்லிகிராம்தான், காய்களில் இது குறைந்த பக்கம், கொதிநீரில் போட்டு வடித்தால் இன்னும் குறையும். அவர்கள் யோசிக்க வேண்டியது மேலே தூவுகிற உப்பைப் பற்றி. வயிறு ஊதுகிறவர்கள் ஒரு கைப்பிடியில் ஆரம்பியுங்கள், முதல் நாளே ஒரு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

அந்த மயோனைஸ்காரருக்கு எழுதிக்கொடுத்தது இதுதான். கொதிநீரில் போட்டுப் பிழிந்த முட்டைகோஸ் இரண்டு கப், துருவிய கேரட் அரைக் கப், அதையும் கோஸோடு சேர்த்தே கொதிநீரில் போடலாம். மூன்று கரண்டி கெட்டித் தயிர், துணியில் கட்டித் தொங்கவிட்டது, அரை மூடி எலுமிச்சை, மிளகுத்தூள், ஒரு சிட்டிகை உப்பு, கால் கரண்டி சர்க்கரை, இடித்த கடுகு கொஞ்சம். கடுகுதான் ரகசியம், அதுவும் முட்டைகோஸும் ஒரே குடும்பம், காரமும் ஒரே சாயல். மேலே வறுத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி. தண்ணீரை நன்றாகப் பிழியாவிட்டால் பத்து நிமிடத்தில் தயிர் நீர்த்துச் சப்பென்று ஆகிவிடும், பெரும்பாலோர் மயோனைஸுக்குத் திரும்பி ஓடுவது இந்த இடத்தில்தான், அதனால் பிழிவதில் சோம்பல் வேண்டாம்.

எடுத்து வைத்த நடுத்தண்டைத் தூக்கி எறியாதீர்கள். தோலைச் சீவி, சின்னச் சின்னதாக நறுக்கி, மறுநாள் பாசிப்பருப்புக் கூட்டில் போட்டுவிடலாம், நூல்கோல் மாதிரி இருக்கும்.