‘செக்ஸ் அஃபெண்டர் ரெஜிஸ்ட்ரி’: பட்டியலா, பதிவேடா, தரவுத்தளமா?

அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், எடிசன் போன்ற ஊர்களில் வீடு பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் பள்ளியின் தரம், சொத்து வரி, ரயில் நிலையத்தின் தூரம் எல்லாவற்றையும் விசாரித்த பிறகு இன்னொன்றையும் பார்த்துக்கொள்வதுண்டு. அந்தத் தெருவில் யாரேனும் ‘ரெஜிஸ்ட்ரி’யில் இருக்கிறார்களா என்பதுதான் அது. முழுப்பெயர் செக்ஸ் அஃபெண்டர் ரெஜிஸ்ட்ரி. இதை நம் செய்தித்தாள்கள் ஒரு நாள் ‘பாலியல் குற்றவாளிகள் பட்டியல்’ என்கின்றன, மறுநாள் ‘பதிவேடு’ என்கின்றன, இந்தியாவில் அப்படி ஒன்று வந்தபோது ‘தரவுத்தளம்’ என்றும் எழுதின. மூன்றும் ஒரே பொருள் என்று வாசகர் எடுத்துக்கொள்கிறார். அல்ல. பட்டியலில் ஒருவரை வேறு யாரோ சேர்க்கிறார்கள். பதிவேட்டில் அவரே போய்ப் பதிந்தாக வேண்டும். தரவுத்தளம் அவருக்கே தெரியாமலும் இருக்கலாம். சட்டத்தில் இந்த வேறுபாடு மிகப் பெரியது.

முதலில் வேர். ஆங்கில ‘ரெஜிஸ்டர்’ மத்தியகால லத்தீனின் ‘ரெகிஸ்ட்ரும்’ என்பதிலிருந்து வந்தது. அதற்கும் பின்னால் ‘ரெகெரெரே’ என்ற வினை இருக்கிறது, திரும்பக் கொண்டுவருதல் என்று பொருள். பின்னால் வேண்டும்போது எடுத்துப் பார்க்க எழுதி வைத்தது என்பது கருத்து. அந்தச் சொல் நம்மிடம் வந்து முதலில் ‘ரிஜிஸ்தர்’ ஆனது. பழைய பத்திரங்களில் இந்த எழுத்துக்கூட்டலை இன்றும் பார்க்கலாம். பிறகுதான் ‘பதிவு’ ஊன்றியது. பதிதல் என்றால் அழுந்தி நிற்பது. முத்திரை பதிகிறது, கால்தடம் பதிகிறது. ஏடு என்பது ஓலை. இரண்டும் சேர்ந்து பதிவேடு. ஆவணங்களைப் பதியும் வழக்கமே வெள்ளைக்காரர் கொண்டுவந்தது என்று எண்ண வேண்டாம். சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘ஆவணக்களம்’ வருகிறது. அகராதியைப் புரட்டும்போது கண்ணில் படும் ‘பதிவிருத்தல்’ என்பதற்குப் பதுங்கிக் காத்திருத்தல் என்று பொருள். இந்தத் தலைப்புக்கு அது கொஞ்சம் அதிகமாகவே பொருந்துகிறது.

அமெரிக்க ரெஜிஸ்ட்ரிக்குப் ‘பதிவேடு’ சரியான சொல்தான். காரணம், அங்கே பதிவு என்பது தண்டனை பெற்றவர் மேல் சுமத்தப்படும் கடமை. சிறையிலிருந்து வெளியே வந்தவர் தான் குடியிருக்கும் ஊரின் காவல் துறைக்கு நேரில் போய் முகவரி, வேலை, அடையாளக் குறிகள் எல்லாவற்றையும் கொடுக்க வேண்டும். மாநிலம் முழுமைக்குமாக இந்தக் கடமையை முதலில் விதித்தது கலிஃபோர்னியா, 1947-இல். அப்போது அது காவல் துறையின் உள்விவகாரம். ஒரு குற்றம் நடந்தால் யாரைப் போய் விசாரிப்பது என்பதற்கான கைக்குறிப்பு, அவ்வளவே. பக்கத்து வீட்டுக்காரர் அதைப் பார்க்க முடியாது.

இதை நாடு முழுவதற்குமான சட்டமாக்கியது ஒரு சிறுவனின் பெயர். மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் ஜோசஃப் என்ற சிற்றூரில் 1989 அக்டோபரில் ஜேக்கப் வெட்டர்லிங் என்ற 11 வயதுச் சிறுவன் கடத்தப்பட்டான். அவன் பெயரால் 1994-இல் வந்த கூட்டாட்சிச் சட்டம் எல்லா மாநிலங்களும் பதிவேடு வைக்கச் சொன்னது. தேவை என்று கருதினால் தகவலை மக்களுக்கு ‘வெளியிடலாம்’ என்றது. அதே ஆண்டு ஜூலையில், நியூ ஜெர்சியின் ஹாமில்டன் டவுன்ஷிப்பில் மேகன் கான்கா என்ற ஏழு வயதுச் சிறுமி எதிர்வீட்டில் குடியிருந்தவனால் கொல்லப்பட்டாள். அவன் ஏற்கெனவே இரண்டு முறை தண்டிக்கப்பட்டவன் என்பது தெருவில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் மகளைக் காப்பாற்றியிருப்போம் என்று பெற்றோர் கேட்ட கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. மூன்று மாதத்தில் நியூ ஜெர்சி ‘மேகன் சட்ட’த்தை இயற்றியது. 1996 மே மாதம் கூட்டாட்சிச் சட்டமும் திருத்தப்பட்டது. ‘வெளியிடலாம்’ என்பது ‘வெளியிட வேண்டும்’ ஆயிற்று. ஒரு வினைமுற்று மாறியதில், காவல் நிலைய அலமாரியில் இருந்த ஏடு தெருவுக்கு வந்துவிட்டது.

நியூ ஜெர்சியில் இது நடக்கும் விதத்தைச் சற்று விரிவாகப் பார்க்கலாம், ஏனென்றால் பலரும் தவறாகப் புரிந்துகொள்வது இங்கேதான். பதிந்த எல்லாருடைய பெயரும் இணையத்தில் வந்துவிடாது. மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகம் ஒவ்வொருவரையும் ஒரு மதிப்பீட்டு அளவுகோலால் அளந்து மூன்று படிகளில் ஒன்றில் வைக்கிறது. மறுபடி குற்றம் செய்யும் வாய்ப்பு குறைவு என்று கருதப்படுபவர் முதல் படி, அவரைப் பற்றிய தகவல் காவல் துறையோடு நிற்கும். நடுப்படியில் இருப்பவரைப் பற்றிப் பள்ளிகளுக்கும், பதிவுசெய்துகொண்ட சிறார் அமைப்புகளுக்கும் அறிவிப்பு போகும். மூன்றாம் படியில் இருப்பவர் என்றால் அவரை எதிர்ப்பட நேரும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லப்படும். தன்னை வைத்த படி சரியில்லை என்று நீதிமன்றத்தில் வாதாடும் உரிமை அவருக்கு உண்டு. அந்த மாநில உச்ச நீதிமன்றம் 1995-இல் சட்டத்தை ஏற்றுக்கொண்டபோதே இதை வற்புறுத்தியது.

இணையத்தில் வெளியிடுவதற்கு 2000-ஆம் ஆண்டு வாக்காளர்களின் ஒப்புதலோடு மாநில அரசமைப்பையே திருத்த வேண்டியிருந்தது. மாநிலக் காவல் துறையின் தளத்தில் மூன்றாம் படியினரும் இரண்டாம் படியினரில் பலரும் இருக்கிறார்கள். குற்றம் குடும்பத்துக்குள் நடந்திருந்தால் இரண்டாம் படிக்காரரின் விவரம் பொதுவாக வெளியிடப்படுவதில்லை. தந்தையின் படத்தையும் குற்றத்தையும் போட்டுவிட்டு மகளின் பெயரை மறைப்பதில் பொருள் இல்லை அல்லவா. ஆகவே தேடிப் பார்த்து ஒன்றும் வரவில்லை என்றால் அந்தத் தெருவில் யாரும் இல்லை என்று ஆகாது.

பதிந்தவருக்கோ இது ஒரு நாள் வேலை அல்ல. வீடு மாறுவதற்குப் பத்து நாள் முன்பே காவல் துறைக்குச் சொல்ல வேண்டும். முகவரியை ஆண்டுக்கு ஒரு முறை, சிலர் 90 நாளுக்கு ஒரு முறை உறுதிசெய்ய வேண்டும். 15 ஆண்டுகள் குற்றம் ஏதுமின்றி இருந்தால் விடுவிக்கும்படி மனுச் செய்யலாம், ஆனால் கடுமையான குற்றங்களுக்கு அந்த வாசல் கிடையாது. பதியத் தவறுவதே தனிக் குற்றம்.

நாடு தழுவிய தேடலுக்கு நீதித்துறை அமைச்சகத்தின் தளம் ஒன்று உண்டு. வடக்கு டகோட்டாவில் 2003-இல் கடத்திக் கொல்லப்பட்ட கல்லூரி மாணவி ட்ரூ ஷோடினின் பெயர் அதற்கு வைக்கப்பட்டிருக்கிறது. அது தானாக ஒரு பதிவேட்டை வைத்திருக்கவில்லை. மாநிலங்கள், ஆட்சிப்பகுதிகள், பூர்வகுடி ஆட்சிகள் ஆகியவற்றின் தளங்களில் போய்த் தேடி விடையைக் கொண்டுவந்து தருகிறது. பெயரைக் கொண்டோ, ஒரு முகவரியைச் சுற்றிய தூரத்தைக் கொண்டோ தேடலாம். 2006-இல் வந்த ஆடம் வால்ஷ் சட்டம் என்ற கூட்டாட்சிச் சட்டமும் மூன்று படிகளைப் பேசுகிறது. பதிவில் இருக்க வேண்டிய காலம் படிக்கு ஏற்ப 15 ஆண்டு, 25 ஆண்டு, வாழ்நாள். ஆனால் அந்தப் படிகள் எந்தக் குற்றம் செய்தார் என்பதைப் பொறுத்தவை. நியூ ஜெர்சியின் படிகள் இனி என்ன செய்யக்கூடும் என்ற மதிப்பீட்டைப் பொறுத்தவை. ‘இரண்டாம் படி’ என்ற சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு மாநிலம் விட்டு மாநிலம் ஒப்பிடுவது வீண்.

நிலத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்ப்பதுபோல் ஆளுக்கும் போட்டுப் பார்க்கிறார்கள் என்று இதைச் சொல்லிவிடலாம். ஆனால் நிலத்துக்கு மானம் கிடையாது. அலாஸ்கா மாநிலப் பதிவேடு குறித்த வழக்கில், 2003-இல், அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்த இடத்தில்தான் நின்று யோசித்தது. பழைய குற்றத்துக்குப் புதிய தண்டனை விதிக்கக் கூடாது என்கிறது அந்நாட்டு அரசமைப்பு. பதிவேடு தண்டனையா, வெறும் தகவலா? குற்றவாளியை ஊர் நடுவே நிறுத்தி அவமானப்படுத்திய குடியேற்றக் காலத்துத் தண்டனைகளோடு இதை ஒப்பிட முடியாது, குற்ற ஆவணங்கள் இருக்கும் காப்பகத்துக்கு ஒருவர் போய்ப் பார்ப்பதற்கு ஒப்பானது இது என்று பெரும்பான்மை நீதிபதிகள் முடிவு சொன்னார்கள். நம் மொழியில் கேட்டால், இது ஆவணக்களமா, கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதைமேல் ஏற்றுவதா என்பதே வழக்கு. உத்தரமேரூர்க் கல்வெட்டில் வாரியத் தேர்தலுக்குத் தகுதியற்றோர் வரிசையில் ‘கழுதை ஏறினார்’ இருப்பதை நினைவுகூரலாம். தண்டனை முடிந்தாலும் தகுதிக்குறைவு முடிவதில்லை என்பது பழைய எண்ணம்தான். நீதிமன்றத்தின் விடை எனக்கு முழுதும் ஒப்பவில்லை. காப்பகத்துக்கு ஒருவர் தேடிப் போக வேண்டும். கைப்பேசியில் தெருவின் பெயரைத் தட்டினால் படத்தோடு வந்து நிற்பதைக் காப்பகம் என்று சொல்வது கொஞ்சம் தாராளம். 2016-இல் மிச்சிகன் மாநிலச் சட்டத்தை ஆராய்ந்த மேல்முறையீட்டு நீதிமன்றம், அங்கே அடுக்கடுக்காகச் சேர்ந்துவிட்ட கட்டுப்பாடுகள் தண்டனையே என்று தீர்ப்பளித்தது.

கட்டுப்பாடுகள் சேர்ந்துகொண்டே போனதற்குக் கடைக்கோடி உதாரணம் மயாமி. பள்ளிகளிலிருந்து 2,500 அடிக்குள் குடியிருக்கக் கூடாது என்று மயாமி-டேட் கவுன்ட்டி விதித்ததும், நகரில் இடம் இல்லாமல் பலர் ஜூலியா டட்டில் பாலத்தின் அடியில் கூடாரம் போட்டு வாழ்ந்தார்கள். பாலத்தின் அடிதான் அவர்கள் பதிந்த முகவரி. நியூ ஜெர்சியில் சில நகராட்சிகள் இதேபோல் விதித்த தடைகள் செல்லாது என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2009-இல் தீர்ப்பளித்தது. மேகன் சட்டத்தைப் பற்றி 2008-இல் நியூ ஜெர்சியிலேயே நடத்திய ஆய்வு, அது மறுகுற்றத்தைக் குறைத்ததற்குச் சான்று கிடைக்கவில்லை என்றது. ஜேக்கபின் தாய் பேட்டி வெட்டர்லிங்கே பிற்காலத்தில், இது இவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று கேட்டவர்.

பிரிட்டனில் 1997 முதல் பதிவுக் கடமை உண்டு, பொதுத் தேடல் கிடையாது. ஒரு குழந்தையோடு பழகும் குறிப்பிட்ட ஆளைப் பற்றிக் காவல் துறையிடம் கேட்கலாம். தேவை என்று கண்டால் சொல்வார்கள், கேட்டவர் அதை ஊருக்குச் சொல்லக் கூடாது.

இனி இந்தியா. பாலியல் குற்றவாளிகளுக்கான தேசியத் தரவுத்தளத்தை 2018 செப்டம்பர் 20 அன்று உள்துறை அமைச்சகம் தொடங்கியது, தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பராமரிக்கிறது. தொடக்கத்தில் 4.4 லட்சம் பேரின் விவரங்கள் இருந்தன. தண்டிக்கப்பட்டவர் எந்தக் காவல் நிலையத்துக்கும் போய்ப் பதிய வேண்டியதில்லை, காவல் துறையே ஏற்றுகிறது. பார்ப்பதும் காவல் துறையும் புலனாய்வு அமைப்புகளும் மட்டுமே. ஆகவே இதைத் ‘தரவுத்தளம்’ என்பதே சரி. ‘பதிவேடு’ என்று தலைப்புப் போட்டால், அமெரிக்கத் தளத்தைப் பார்த்துப் பழகிய உறவினர் திருச்சியில் இருப்பவரிடம் “அந்த வெப்சைட்டில் பார்” என்று சொல்லிவிடுகிறார். அப்படி ஒரு வெப்சைட் மக்களுக்கு இல்லை.

ஆட்களைப் பதிவது என்பது தமிழ்நாட்டில் வேறு ஒரு நினைவையும் கிளறும். 1911-இன் குற்றப் பரம்பரையினர் சட்டத்தின்படி, எந்தக் குற்றமும் செய்யாதவர்கள் பிறந்த சாதிக்காகவே கைரேகை வைக்கப்பட்டார்கள். மக்கள் அதை ‘ரேகைச் சட்டம்’ என்றார்கள். அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. ‘சீர்மரபினர்’ என்ற சொல் அந்தப் பதிவிலிருந்து மீண்டவர்களைக் குறிக்க வந்தது. இன்றும் செய்திகளில் அடிபடும் ‘சரித்திரப் பதிவேடு குற்றவாளி’ வேறு வகை. ‘ஹிஸ்டரி ஷீட்’டை மொழிபெயர்க்கப் போய், ரவுடிகளுக்குச் சரித்திரம் வாய்த்துவிட்டது. அது காவல் நிலையம் தானாகத் திறந்து வைக்கும் கண்காணிப்புக் கோப்பு. பாலியல் குற்றங்களுக்கான பதிவேட்டோடு இவை இரண்டையும் குழப்பக் கூடாது. பொதுவாகத் தண்டனைத் தீர்ப்பு ஒன்று இருந்தால்தான் பாலியல் குற்றப் பதிவேட்டில் பெயர் ஏறும்.

தமிழில் எழுதுவோருக்குச் சில பரிந்துரைகள். அமெரிக்க ஏட்டைப் ‘பாலியல் குற்றவாளிகள் பதிவேடு’ என்றே எழுதலாம். ‘நோட்டிஃபிகேஷன்’ என்பதற்கு ‘அக்கம்பக்க அறிவிப்பு’ பொருந்தும். பதிந்தவரைக் குறிக்கும் ‘ரெஜிஸ்ட்ரன்ட்’ என்பதுதான் சிக்கல். ‘பதிவாளர்’ என்றால் பல்கலைக்கழகத்தில் கையெழுத்துப் போடும் அதிகாரி, ‘பதிவர்’ என்றால் வலைப்பூ எழுதுபவர். இருவரும் வழக்குப் போடக்கூடும். ‘பதிவுக்குட்பட்டவர்’ என்பது நீளம், ஆனால் தவறில்லை. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது ‘குற்றவாளி’ என்று எழுதாமல் ‘குற்றம் சாட்டப்பட்டவர்’ என்று எழுதுவது இங்கே இரட்டிப்பு முக்கியம்.

தமிழ்நாட்டில் இருப்பவருக்குப் பொதுத் தேடல் இல்லை என்றாலும் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது. குழந்தைகளோடு தொடர்ந்து பழகும் பள்ளி, காப்பகம், விளையாட்டுப் பயிற்சி நிலையம் எதுவானாலும் ஊழியர் ஒவ்வொருவரையும் அவ்வப்போது காவல் துறை மூலம் சரிபார்க்க வேண்டும் என்று 2020-இன் போக்சோ விதிகள் சொல்கின்றன. சேர்க்கைப் படிவத்தை நிரப்பும் பெற்றோர், கடைசியாக எப்போது சரிபார்த்தீர்கள் என்று அலுவலகத்தில் கேட்கலாம். வேன் ஓட்டுநருக்கும் சேர்த்தே கேட்க வேண்டும்.